பெங்களூரில் வீடு மாற்றுபவர்கள் கவனத்துக்கு: லாரி தாமதமாக வருவதே லாரிக்காரர்களுக்கு லாபம்

ஒரு குடும்பத்துக்கு நடந்தது இது. ஈஜிபுராவில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் இரண்டு பெட்ரூம் வீடு. போக வேண்டியது எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டுக்கு. வீட்டுச் சாமானை ஏற்றி இறக்கும் மூவர்ஸ் நிறுவனம் ஒன்றோடு போனில் பேசிய ரேட் 8,500 ரூபாய், "எல்லாம் அதுக்குள்ளயே வந்துடும் அண்ணா". அட்வான்ஸ் 2,000 அப்போதே போய்விட்டது. காலை 8 மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி மதியம் பன்னிரண்டரைக்கு வந்தது. 14 அடி லாரி என்று பேச்சு, வந்து நின்றது டாடா ஏஸ் என்ற மினி லாரி. ஐந்து ஆள் என்றார்கள், இறங்கியது மூன்று பேர். பாதி சாமானை ஏற்றவே நாலு மணி ஆகிவிட்டது. சில்க் போர்டு தாண்டி பொம்மனஹள்ளி அருகே வண்டியை ஓரம் கட்டினார்கள். இன்னும் 9,000 வந்தால்தான் வண்டி நகரும், இல்லாவிட்டால் சாமான் குடோனுக்குப் போகும், அங்கே நாள் வாடகை தனி. "நானும் திருப்பத்தூர்க்காரன்தாண்ணா, நம்மாளுங்களுக்குள்ள என்ன" என்று முந்தின வாரம் தேனாகப் பேசியவர் அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. அபார்ட்மென்ட் கேட்டில் ஆறு மணிக்கு மேல் சாமான் இறக்க விடமாட்டார்கள். கெஞ்சிப் பேசி 6,000 கொடுத்துத் தீர்த்தது அந்தக் குடும்பம். பில் கிடையாது.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பயன் இல்லை. அடுத்த மாதம் வேறு பெயரில் இருப்பார்கள். முறை தெரிந்தால் போதும்.

நெட்டில் ஒரு தளத்தில் நம்பரைப் போட்டதும் மளமளவென்று அழைப்புகள் வருகின்றன அல்லவா, அப்படிக் கூப்பிடுகிறவர்களில் பலருக்குச் சொந்தமாக லாரியும் இல்லை, ஆளும் இல்லை. உங்கள் நம்பரைக் காசு கொடுத்து வாங்கிய புரோக்கர்கள் அவர்கள். யாரும் சொல்லாத குறைந்த ரேட்டைச் சொல்லி அட்வான்ஸை வாங்கினால் அவர் வேலை முடிந்தது, அந்த அட்வான்ஸ்தான் அவர் வரும்படி. வேலையை ஒரு வண்டிக்காரர் தலையில் கட்டிவிடுவார். மீதிப் பணத்தில் டீசல், ஆள்கூலி, அட்டைப்பெட்டி, பபிள் ரேப் எல்லாம் போட்டால் வண்டிக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அது தெரிந்தேதான் அவரும் ஒத்துக்கொள்கிறார். விட்டதை உங்களிடம் பிடித்துவிடலாம் என்ற கணக்கு. அதே நாளில் இன்னொரு வீட்டு வேலையும் கையில் இருக்கும். அதை முடித்துவிட்டுத்தான் உங்கள் தெருவுக்கு வருவார்.

தாமதம் அவருக்கு எப்படி உதவுகிறது என்று பாருங்கள். காலை எட்டரைக்குச் சின்ன வண்டி வந்தால் "வேண்டாம், போங்க" என்று சொல்ல உங்களால் முடியும். மதியம் ஒரு மணிக்கு முடியாது. பழைய வீட்டு ஓனர் சாவிக்காக வாசலில் நிற்பார், சாவி கொடுத்தால்தான் டெபாசிட் திரும்பும், புது வீட்டில் கேட் மூடுகிற நேரம் நெருங்கும். சாமான் வண்டிக்குள் ஏறிவிட்டால் பிறகு பேரம் முழுக்க அவர் பக்கம். ஆகவே ரேட்டைக் குறைப்பதைவிட முக்கியமான வேலை, அந்த ஒரு நாளில் வந்து மோதும் அவசரங்களைப் பிரித்து வைப்பது.

முதலில் நல்ல நேரம். ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் வீடு மாற்றுவதில்லை. அதனால் ஆவணி, தை மாதங்களின் முகூர்த்த நாட்களில், அதிலும் சனி ஞாயிறாகவோ மாதக் கடைசியாகவோ அமைந்துவிட்டால், வண்டிக்குக் கிராக்கி ஏறிவிடும். "பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள வாங்க" என்று வெள்ளிக்கிழமை நீங்கள் போனில் கெஞ்சினால், உங்கள் அவசரம் என்ன விலைக்குப் போகும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பால் காய்ச்சுவதை லாரியோடு முடிச்சுப் போடாதீர்கள். ஓரிரு நாள் முன்பே நல்ல நேரத்தில் ஆட்டோவில் போய், விளக்கு, சாமி படம், அரிசி, உப்பு, மஞ்சள், ஒரு பாத்திரம், ஒரு இண்டக்ஷன் அடுப்பு கொண்டுபோய்க் காய்ச்சிவிட்டு வந்துவிடலாம். பிறகு சாமான் எந்த நாள், எந்த நேரம் வந்தாலும் மனசு உறுத்தாது. வீட்டுப் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள், லாரி வாசலில் நிற்கும்போது அல்ல.

அடுத்தது இரண்டு வீடுகளுக்கும் இடையே இடைவெளி. மூன்று நாள் வாடகை இரண்டு பக்கமும் கொடுப்பது வீண் செலவு போலத் தோன்றும். ஆனால் 31ஆம் தேதி காலி செய்து அன்றே சாவி கொடுக்கும் ஏற்பாடுதான் இந்த ஏமாற்று நடக்க வழி விடுகிறது. புது அபார்ட்மென்ட்டின் அசோசியேஷனிடம் சாமான் இறக்க எந்தக் கிழமை, எத்தனை மணி வரை அனுமதி, சர்வீஸ் லிஃப்ட் புக் செய்ய வேண்டுமா, ஓனரின் என்ஓசி, அதாவது ஆட்சேபம் இல்லை என்ற கடிதம் வேண்டுமா, மூவ்-இன் கட்டணம் உண்டா, 14 அடி லாரி பேஸ்மென்ட்டுக்குள் இறங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கூடவே கூடாது என்று வைத்திருக்கும் இடங்கள் உண்டு. பழைய அபார்ட்மென்ட்டிலும் மூவ்-அவுட் கேட் பாஸ் இல்லாமல் செக்யூரிட்டி வண்டியை விடமாட்டார்கள். நெரிசல் நேரத்தில் பெரிய சரக்கு வண்டிகளுக்கு ஊருக்குள் தடை உண்டு, நேரம் அவ்வப்போது மாறும். 14 அடி லாரி என்றால் எந்த நேரத்தில் எந்த வழியாக வரும் என்று வண்டிக்காரரிடமே கேளுங்கள். உடனே பதில் சொல்கிறவர் அந்தத் தொழிலில் இருப்பவர்.

இனி ரேட். வீட்டுக்கு ஆள் வந்து பார்க்காமல், வீடியோ காலிலாவது அறை அறையாகப் பார்க்காமல் சொல்லும் எந்த ரேட்டும் ரேட் இல்லை. டாடா ஏஸின் தொட்டி சுமார் 7 அடி நீளம், ஐந்து அடிக்கும் கொஞ்சம் குறைவான அகலம், தாங்கும் எடை முக்கால் டன் அளவு. குயின் சைஸ் மெத்தை ஐந்துக்கு ஆறரை அடி. அதோடு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஒரு பீரோ, சோபா என்று போட்டாலே ஏஸ் நிரம்பிவிடும், முப்பது நாற்பது அட்டைப்பெட்டிக்கு இடம் எங்கே? இரண்டு பெட்ரூம் வீட்டுச் சாமானை ஏஸில் ஒரே ட்ரிப்பில் முடிக்கிறேன் என்கிறவர் இரண்டாவது ட்ரிப்புக்குத் தனிக்காசு கேட்கப் போகிறார், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் வாங்க வேண்டியது இவை: வண்டியின் நீளம் அடிக்கணக்கில், ஆள் எண்ணிக்கை, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, கேட்டிலிருந்து வீடு வரை எவ்வளவு தூரம், கட்டில் வார்ட்ரோப் கழற்றி மாட்டுவது உள்ளேயா வெளியேயா, ஜிஎஸ்டி சேர்த்தா தனியா. கடைசி நேரத்தில் ஏறும் தொகையெல்லாம் இந்த இடங்களிலிருந்துதான் வரும்: "மாடிக்கு இவ்வளவு", "லாரி உள்ளே வரலை, தூக்கிட்டு வர இவ்வளவு", "பெட்டி அதிகமாயிடுச்சு". சாமான் பட்டியலை நீங்களே தயாரித்து அனுப்பி, "இந்தப் பட்டியலுக்கு மொத்தம் இவ்வளவு, வேறு எதுவும் இல்லை" என்று அவரைப் பதில் போட வையுங்கள். முந்தின நாள் மாலை வண்டி நம்பரும் டிரைவர் நம்பரும் வர வேண்டும். வரவில்லை என்றால் வண்டி இன்னும் ஏற்பாடாகவில்லை என்று அர்த்தம்.

ஜிஎஸ்டி நம்பரைக் கேளுங்கள், ஆனால் வாங்கி வைத்துக்கொள்வதோடு விடாதீர்கள். 15 எழுத்து இருக்கும். கர்நாடகப் பதிவு என்றால் 29 என்று தொடங்கும். மூன்றாவது முதல் பன்னிரண்டாவது வரை உரிமையாளரின் பான். அதில் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி நம்பரில் ஆறாவது எழுத்து, 'பி' (P) என்றால் தனிநபர், 'சி' (C) என்றால் கம்பெனி. 'பிரைவேட் லிமிடெட்' என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கும், நம்பரில் 'பி' நிற்கும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த நம்பரைப் போட்டால் சட்டப்படியான பெயரும் பதிவு செல்லுபடியா ரத்தானதா என்பதும் தெரியும். யுபிஐயில் பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயர் அதோடு ஒத்துப்போக வேண்டும். பிரபலமான ஒரு மூவர்ஸ் பெயருக்கு முன்னும் பின்னும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டு திரிகிறவர்கள் ஏராளம். இந்த ஒரு சோதனையில் பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள்.

ஏசியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நடக்கும் ஏமாற்று கண்ணுக்குத் தெரியாது. ஸ்பிளிட் ஏசியைக் கழற்றும் முன் 'பம்ப் டவுன்' செய்ய வேண்டும். ஏசியைக் கூலிங்கில் ஓடவிட்டு, அவுட்டோர் யூனிட்டில் மெல்லிய பைப் வால்வை ஆலன் கீயால் முதலில் மூடி, சில நிமிடம் கேஸை உள்ளே இழுக்கவிட்டு, பிறகு தடித்த பைப் வால்வை மூடி, உடனே ஏசியை நிறுத்துவார்கள். சரியாகச் செய்தால் கேஸ் அவுட்டோரிலேயே பத்திரமாக இருக்கும். வண்டி ஆள் இதைச் செய்யாமல் நட்டைத் தளர்த்தினால் 'புஸ்'ஸென்று கேஸ் போய்விடும். புது வீட்டில் "கேஸ் இல்ல சார், ஃபுல்லா ஏத்தணும்" என்று அவரே அனுப்பும் ஆள் வந்து ஆயிரக்கணக்கில் கேட்பார். ஏசியை முந்தின நாளே தெரிந்த மெக்கானிக்கை வைத்துக் கழற்றிவிடுங்கள். காப்பர் பைப்பின் நீளத்தை அளந்து எழுதி வைப்பதும் நல்லது, மாட்டும்போது பைப்புக்கு அடிக்கணக்கில் காசு.

மற்ற சாமான்களில் சேதம் நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். ஃபிரிட்ஜை முந்தின இரவே அணைத்து உருகவிட்டுத் துடைக்க வேண்டும், நிற்க வைத்தே கொண்டுபோக வேண்டும். ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷினுக்கு வாங்கும்போது கொடுத்த டிரான்சிட் போல்ட்டைப் பின்னால் மாட்டாமல் ஏற்றினால் டிரம் ஆடி சஸ்பென்ஷன் போய்விடும். கிரைண்டரில் குழவிக்கல்லை எடுத்துத் தனியாகத் துணி சுற்றுங்கள், உள்ளே விட்டால் லாரி குலுங்குகிற குலுங்கலில் டிரம்மை நசுக்கும். பீரோ காலியாக இருக்கட்டும். கட்டில் நட்டு போல்ட்டை ஒரு ஜிப் கவரில் போட்டுத் தலைப்பலகையிலேயே ஒட்டிவிடுங்கள். கேஸ் சிலிண்டர் லாரியில் ஏறக்கூடாது. நகை, பத்திரம், சான்றிதழ், மருந்து, லேப்டாப் உங்களோடு வர வேண்டும். பெட்டிகளுக்கு நம்பர் போடுங்கள், 1/36, 2/36 என்று. ஒன்று குறைந்தால் உடனே தெரியும்.

அன்றைக்கு ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி வண்டி பத்துக்கு வரவில்லை என்றால் ரத்து என்று முந்தின நாளே மெசேஜ் போட்டுவிடுங்கள். மாற்றாக ஆப்பில் கிடைக்கும் மினி லாரியும் ஆளும் இருக்கிறார்கள், ரேட் கூடலாம், ஆனால் ஆப்பில் பதிவாகும். வந்த வண்டி சொன்ன அளவு இல்லையென்றால் ஒரு பெட்டிகூட ஏறக்கூடாது. ஏற்றும் முன் நம்பர் பிளேட்டையும் டிரைவர் லைசென்ஸையும் போட்டோ எடுங்கள். கன்சைன்மென்ட் நோட், அதாவது எல்ஆர் எனப்படும் சாமான் ஏற்றிக்கொண்டதற்கான ரசீது, சாமான் பட்டியலோடும் மதிப்போடும் கையில் வர வேண்டும். வீட்டில் ஒருவர் வண்டியோடு போவது நல்லது, முடியாவிட்டால் பைக்கில் பின்னால் போகலாம். மீதிப் பணம் கடைசிப் பெட்டி இறங்கிய பிறகுதான்.

அப்படியும் வழியில் நிறுத்தினால், கத்திப் பேசாமல் 112க்கு அடியுங்கள். போலீஸின் ஹொய்சளா ரோந்து வண்டி வரும். ஒப்படைத்த சாமானை வண்டிக்காரர் அபகரிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் பிரிவு 316(3)இன் கீழ் ஏழு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம், மிரட்டிப் பணம் பறிப்பது பிரிவு 308. போலீஸ் பெயரைக் கேட்டதுமே பலர் இறங்கி வருவார்கள், குறைந்தபட்சம் கேட்ட தொகை பாதியாகும். கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் ரொக்கமாக வேண்டாம். யுபிஐயில் கொடுத்து, "வழியில் வண்டியை நிறுத்தி மிரட்டியதால் கொடுத்தது" என்று உடனே அதே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். அட்வான்ஸ் வாங்கிவிட்டு ஆளே வராமல் மறைந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930இல் புகார், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

சாமான் இறங்கியதும் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை நீட்டுவார்கள். "பெட்டிகள் பிரித்துப் பார்க்கப்படவில்லை" என்று கையெழுத்துக்கு மேலே எழுதிவிட்டுப் போடுங்கள், கண்ணுக்குத் தெரிந்த சேதத்தை வரியாகக் குறியுங்கள். சாமான் மதிப்பில் 3 சதவீதம் இன்சூரன்ஸ் என்று வாங்கியிருந்தால் பாலிசி நம்பரும் இன்சூரன்ஸ் கம்பெனி பெயரும் அதில் இருக்க வேண்டும். மூவர்ஸ் தன் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தது இன்சூரன்ஸ் அல்ல. சாலைவழிச் சரக்குச் சட்டம், 2007இன்படி சேதத்துக்கு வழக்குப் போடும் முன், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். ஸ்பீட் போஸ்ட்டில் ரிஜிஸ்ட்ரேஷன் சேர்த்து அனுப்புங்கள்.

பெங்களூரிலிருந்து சென்னைக்கோ சேலத்துக்கோ போகிறவர்களிடம் "அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் வரி கட்டணும்" என்று ஒரு தொகை கேட்பார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே மாநில எல்லையில் சரக்கு வரி வசூல் நின்றுவிட்டது. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில்லும், அதாவது சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் சீட்டும் தேவையில்லை. வண்டியின் பர்மிட் செலவு வண்டிக்காரருடையது.

நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், இ-ஜாக்ருதி தளம் வழியாக வீட்டிலிருந்தபடியே. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆனால் ஆதாரம் வேண்டும், அது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கும். ரேட் சொன்ன மெசேஜை 'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' போட்டு அழிப்பது இவர்களுக்குக் கைவந்த கலை. பேச்சு முடிந்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் மெயிலுக்கு அனுப்பி வைத்துவிடுங்கள்.