கொக்குவிலில் ஐரோப்பாவுக்கு ஒரு ரியூசன்: காசு கட்டலாமா?

கொக்குவில் ஸ்டேஷனுக்குக் கிட்ட இருக்கிற ஒரு ரியூட்டரியில் சனிக்கிழமை பின்னேரங்களில் பெரிய ஆக்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. பாடம், ஐரோப்பாவின் பாதுகாப்புப் பிரச்சினைகள். ஏ.எல். பிள்ளைகள் மேசையில் கொம்பாஸால் செதுக்கி வைத்த பெயர்களுக்கு மேலே கொப்பியை விரித்து, ஐம்பதும் அறுபதும் தாண்டியவர்கள் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ இராணுவக் கூட்டணியைப் பற்றி நோட்ஸ் எழுதுவதைப் பார்க்கக் கொஞ்சம் சிரிப்பு வரும். ஆனால் வகுப்பு பிழையில்லை. முழுத் தொடருக்கும் 3,500 ரூபாய். போட்டோக்கொப்பி நோட்ஸும் இடைவேளையில் ஒரு பிளேன்ரீயும் அதற்குள் அடக்கம். சந்தையில் இரண்டு கிலோ நல்ல மீனுக்கே இந்தக் காசு போய்விடும்.

இதெல்லாம் இங்கே யாருக்குத் தேவை என்று வெளியாள் ஒருவர் கேட்கலாம். வகுப்பில் இருக்கிற எல்லோருக்கும் அங்கே ஆள் இருக்கிறது. ஒருவரின் மகள் ஒஸ்லோவில், ஒருவரின் தம்பி கோப்பன்ஹேகனில், முன்வரிசை ரீச்சரின் பேரப்பிள்ளைகள் பாரிஸில். நான் சுன்னாகத்தில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவன். அக்கா குடும்பம் ஸ்ருட்கார்ட் பக்கம். மருமகன் 2008இல் பிறந்தவன், ஜேர்மன் பிரஜை. இந்த வருடம் அவனுக்கு அந்த நாட்டு இராணுவத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அக்கா வட்ஸ்அப்பில் எடுத்து, “தம்பி, இவனையும் ஆமிக்கு எடுக்கப் போறாங்களோ? இதுக்குப் பயந்துதானே நாங்கள் அங்கயிருந்து வெளிக்கிட்டனாங்கள்” என்று அழுதா. நான் பெயர் பதிந்தது அதற்காகத்தான்.

முதல் வகுப்பிலேயே அதற்கு ஒழுங்கான பதில் கிடைத்தது. ஜேர்மனி 2011இல் கட்டாய இராணுவச் சேவையை நிறுத்தி வைத்ததே தவிர, அடியோடு ஒழிக்கவில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன்படி, 2008இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு 18 வயதில் கேள்விப் படிவம் போகும். பொடியன்கள் கட்டாயம் நிரப்ப வேண்டும், பெட்டைகள் விரும்பினால் நிரப்பலாம். 2027 நடுப்பகுதியிலிருந்து பொடியன்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம். படையில் சேர்வது மட்டும் இப்போதைக்கு அவரவர் விருப்பம். சேர்ந்தால் வரிக்கு முன் மாதம் ஏறக்குறைய 2,600 யூரோ சம்பளம். ஆள் போதாவிட்டால் நாடாளுமன்றம் திரும்பவும் தீர்மானித்துத்தான் கட்டாயமாக்கலாம். படையில் இப்போது 180,000 சொச்சம் பேர். 2035 அளவில் 260,000 வேண்டுமாம். இதையெல்லாம் வொயிஸ் மெசேஜாக அக்காவுக்கு அனுப்பினேன். அழுகை நின்றது, கவலை நிற்கவில்லை.

அன்று உண்மையில் முகம் மாறியது கோப்பன்ஹேகன்காரரின் தமையனுக்குத்தான். டென்மார்க்கில் 2025 ஜூலையிலிருந்து 18 வயதாகும் பெண்களும் இராணுவச் சேவைக்கு ஆள் எடுக்கிற சீட்டிழுப்பில் வருவார்கள் என்பதை அவர் அங்கேதான் கேள்விப்பட்டார். தம்பி மகளுக்குப் பதினேழு. ஒஸ்லோக்காரர் பக்கத்திலிருந்து, “எங்கட பக்கம் அது பத்து வருசமா இருக்கு அண்ணை” என்று ஆறுதல் சொன்னார். அது எந்த வகையில் ஆறுதல் என்று எனக்கு விளங்கவில்லை.

படிப்பிக்கிற சேர் ஜேர்மனியில் நெடுங்காலம் இருந்து திரும்பியவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று சொல்லமாட்டார், நாங்களும் கேட்கவில்லை. நல்லாப் படிப்பிப்பார். சுவரில் ஒரு பெரிய வரைபடம், கையில் ஒரு மூங்கில் தடி, அவ்வளவுதான். ரயில் வந்தால் சத்தத்தில் பேச்சை நிறுத்த வேண்டும். ஒருநாள் அப்படி நிறுத்தியவர், ரயில் போனதும் அதையே பாடமாக்கிவிட்டார். “இந்தத் தண்டவாளம் 1676 மில்லிமீட்டர் அகலம். ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் 1435. லித்துவேனியா, லற்வியா, எஸ்தோனியா என்ற பால்டிக் நாடுகள் மூன்றிலும் பெரும்பாலும் ரஷ்யன் காலத்து 1520. போலந்திலிருந்து டாங்கி ஏற்றிக்கொண்டு போகிற ரயில், அகலம் மாறுகிற இடத்தில் என்ன செய்யும்?” என்று கேட்டார். இறக்கி ஏற்ற வேண்டும். ரயில் பால்டிக்கா என்று 1435 அகலத்தில் புதுப் பாதை போடுகிறார்கள், இன்னும் முடியவில்லை. சில பாலங்களுக்கு டாங்கியின் பாரம் தாங்காது. அதற்கு மேல், ஒரு நாட்டுப் படை இன்னொரு நாட்டுக்குள்ளால் போகச் சில இடங்களில் 45 நாளைக்கு முன்னரே அனுமதி கேட்க வேண்டியிருந்ததாம். அதை 3 நாளாக்கச் சொல்லி, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணைக்குழு 2025 நவம்பரில்தான் யோசனை வைத்தது.

போலந்தையும் லித்துவேனியாவையும் தொடுக்கிற ஒடுங்கின நிலம் சுவாவ்கி. ஒரு பக்கம் ரஷ்யாவின் கலினின்கிராட், மறுபக்கம் பெலாரஸ், நடுவில் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். பால்டிக் நாடுகள் மூன்றுக்கும் மற்ற நேட்டோ நாடுகளிடமிருந்து வரக்கூடிய தரைவழி அது ஒன்றுதான். சேர் தடியை அந்த இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்தார். 2006இல் சண்டையில் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதையைப் பூட்டினபோது இங்கே இருந்த ஆக்களுக்கு அதற்குமேல் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. யாரோ பின்னால், “அப்ப கப்பல்தான்” என்று சொன்னார்.

சாமான் விஷயத்தில் என் தொழில் உதவியது. கடையில் நான் ஏழெட்டுக் கொம்பனிப் பைப் வைத்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் எல்போ வேறு, சொக்கட் வேறு. ஒன்றின் புரி மற்றதில் ஏறாது. இருப்பு நிறைய இருக்கும், வந்தவனுக்குக் கொடுக்க ஒன்றும் இராது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிடம் 12 வகை டாங்கிகள், அமெரிக்காவிடம் ஒன்று. இத்தாலியின் முன்னாள் பிரதமர் மாரியோ திராகி ஒன்றியத்துக்கு 2024இல் கொடுத்த அறிக்கையில் இது இருக்கிறது. உக்ரைனுக்குப் போன 155 மில்லிமீட்டர் பீரங்கிகளில் மட்டும் பத்து வகையாம். உக்ரைன்காரன் எந்தப் பீரங்கிக்கு எந்த உதிரிப்பாகம் என்று தேடி அலைந்திருப்பான். 2023 மார்ச்சில், ஒரு வருடத்துக்குள் பத்து லட்சம் ஷெல் தருகிறோம் என்று ஒன்றியம் வாக்குக் கொடுத்தது. தவணை முடிந்தபோது பாதி அளவுதான் போயிருந்தது. ஓடர் பிடிப்பதும் சாமான் இறக்குவதும் ஒன்றல்ல என்பது கடை வைத்திருக்கிற எவனுக்கும் தெரியும், ஆனால் ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கிற பிரசெல்ஸில் அதைக் கொஞ்சம் பிந்தித்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

காசுக் கணக்கு வந்த கிழமை பாதிப் பேருக்கு நித்திரை. சுருக்கம் இதுதான்: நேட்டோவில் 2014இல் பேசிக்கொண்டது, நாட்டு வருமானத்தில் 2 வீதம் பாதுகாப்புக்கு என்று. 2025 ஜூனில் ஹேக் மாநாட்டில் அதை 2035க்குள் 5 வீதம் ஆக்கினார்கள், 3.5 படைக்கு, 1.5 பாலம், துறைமுகம், இணையப் பாதுகாப்பு மாதிரியானவற்றுக்கு. ஸ்பெயின் அந்த அளவு தன்னால் முடியாது என்றது. ஒன்றியம் தன் பங்குக்கு 800 பில்லியன் யூரோ என்று ஒரு பெரிய தொகை சொன்னது. அதில் 150 பில்லியன்தான் பொதுக் கடன். மற்றது, நாடுகள் தாங்களே கடன்பட்டுச் செலவழிக்கலாம், வரவு செலவு விதியைத் தளர்த்துகிறோம் என்பது. இதைக் கேட்டதும் ஒரு ஓய்வுபெற்ற வங்கிக்காரர், “அதாவது, உன்ர காசை நீ செலவழிக்க நான் அனுமதி தாறன்” என்றார். சரியாகத்தான் சொன்னார்.

கடனெடுத்து வாங்கினாலும் கடைக்காரர் வேறு இடத்தில் இருக்கிறார். உக்ரைன் போர் தொடங்கின பிறகு, 2022 நடுப்பகுதியிலிருந்து ஓராண்டில் ஒன்றிய நாடுகள் வாங்கிய ஆயுதங்களில் 78 வீதம் வெளியிலிருந்து வந்தவை, பெரும்பங்கு அமெரிக்கா. செய்மதி, வானத்தில் எரிபொருள் நிரப்புகிற விமானம், வான் பாதுகாப்புக்கான பேட்ரியட் ஏவுகணை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அமெரிக்காவைத்தான் நம்பியிருக்கிறார்கள். 2025 மார்ச்சில் வொஷிங்டன் உக்ரைனுக்குக் கொடுத்துவந்த உளவுத் தகவலைச் சில நாட்கள் நிறுத்தியபோது ஐரோப்பாவுக்கு வயிறு கலங்கியது. நாளைக்கு எங்களுக்கும் இப்படித்தானோ என்ற பயம்.

இந்த வகுப்பில் மிகச் சிறந்த பின்னேரம் என்றால், எங்களையே நாடுகளாக்கிக் கூட்டம் வைத்த நாள்தான். 27 பேர் இல்லாததால் ஒருவருக்கு இரண்டு மூன்று நாடு. எனக்கு மால்ட்டாவும் ஹங்கேரியும். ஓய்வுபெற்ற தபாலதிபர் அம்மா ஒருவருக்குப் பெல்ஜியம். கேள்வி, 2025 டிசம்பரில் உண்மையாகவே மேசைக்கு வந்த கேள்வி: ஐரோப்பாவில் முடக்கி வைத்திருக்கிற ஏறக்குறைய 210 பில்லியன் யூரோ ரஷ்யக் காசை வைத்து உக்ரைனுக்குக் கடன் கொடுக்கலாமா? அந்தக் காசில் பெரும்பகுதி பிரசெல்ஸில் யூரோகிளியர் என்ற நிறுவனத்திடம் கிடக்கிறது.

எல்லோரும் கையைத் தூக்கினார்கள். அம்மா தூக்கவில்லை. “காசு கிடக்கிறது என்ர கந்தோரில. ரஷ்யன் நாளைக்கு வழக்குப் போட்டு வென்றால் நான் மட்டும் கட்டுறதோ? நீங்கள் எல்லாரும் பொறுப்பெண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ, பிறகு பாப்பம்.” போலந்து கோபப்பட்டது. ஜேர்மனி கெஞ்சியது. அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையவில்லை. பிளேன்ரீ ஆறிப்போனது. கடைசியில் யாரோ, சரி, எல்லோரும் சேர்ந்து வெளியில் கடன்பட்டுக் கொடுப்போம் என்றார். உடனே நான் ஹங்கேரியாக எழும்பி, எனக்கு அதில் பங்கில்லை என்றேன். சேர் சிரித்துக்கொண்டே, அங்கேயும் அச்சொட்டாக அப்படித்தான் முடிந்தது என்றார்: இரண்டு வருடத்துக்கு 90 பில்லியன் யூரோ பொதுக் கடன், ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, செக் மூன்றுக்கும் அதன் சுமை இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஐரோப்பாவுக்குக் காசு ஒரு குறையே இல்லை. ஆள் குறைவு, சாமான் ஒன்றுக்கொன்று பொருந்தாது, எல்லாவற்றையும் விட, வெளிவிவகாரத்தில் ஒருவர் மாட்டேன் என்றால் மற்ற 26 பேரும் நிற்க வேண்டும். நேட்டோவின் ஐந்தாம் பிரிவு, தாக்கப்பட்ட நாட்டுக்கு ஒவ்வொருவரும் தாம் தேவையென்று நினைக்கிறதைச் செய்து உதவ வேண்டும் என்கிறது. ஒன்றிய உடன்படிக்கையின் 42.7 பிரிவு, இயன்ற எல்லா வழியிலும் உதவ வேண்டும் என்கிறது. எழுத்தில் இரண்டாவதுதான் வலிது. ஆனால் முதலாவதற்குப் பின்னால் கட்டளைத் தலைமையகமும் அமெரிக்கப் படையும் இருக்கின்றன, இரண்டாவதற்குப் பின்னால் அப்படி ஒன்றும் இல்லை.

இனி, எனக்கு மனக்குறை வந்த இடம். பின்லாந்து, போலந்து, பால்டிக் நாடுகள் மூன்று, ஆக ஐந்தும் மிதிவெடியைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையிலிருந்து விலக 2025இல் முடிவெடுத்தன. சேர் இதை நோட்ஸில் மூன்று வரியாக்கி, பத்து நிமிடத்தில் தாண்டப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதைப் பத்து நிமிடத்தில் தாண்ட முடியுமா? முகமாலையில் சண்டை முடிந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகும், ஏ9 கரையில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைப் பஸ்ஸிலிருந்து பார்த்தவர்கள்தான் அங்கே எல்லோரும். முகத்துக்குக் கண்ணாடி மறைப்புப் போட்ட பிள்ளைகள் வெயிலில் முழந்தாளில் இருந்து, சாண் சாணாக மண்ணைச் சுரண்டியதையும் பார்த்தவர்கள். இலங்கை அந்த உடன்படிக்கையில் சேர்ந்ததே 2017 டிசம்பரில்தான். நாங்கள் உள்ளே போக, அவர்கள் வெளியே வருகிறார்கள்.

பளையிலிருந்து வருகிற ஒருவர் எழும்பி, “சேர், அங்க புதைக்கிறதைப் பிறகு ஆர் எடுக்கிறது?” என்று கேட்டார். அடுத்த கிழமை பார்ப்போம் என்றார் சேர். அடுத்த கிழமை அது வரவில்லை. பின்லாந்துக்காரரின் நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லை, ரஷ்யா அந்த உடன்படிக்கையில் ஒருபோதும் சேரவில்லை, காவலுக்கு ஆள் குறைவு. ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரு முழு வகுப்பு கொடுத்திருக்க வேண்டும். உலகத்தில் வேறெந்த ரியூட்டரியிலும் அதற்கு இப்படி ஒரு வாங்கு நிறைந்த சாட்சிகள் கிடைத்திருக்கமாட்டார்கள்.

ட்ரோன் பாடம் பரவாயில்லை. 2025 செப்டெம்பரில் போலந்துக்குள் வந்த இருபது மட்டிலான மலிவு ட்ரோன்களுக்கு எஃப்-35 போர் விமானம் அனுப்ப வேண்டி வந்ததைப் படத்தோடு காட்டினார். கடலடிக் கேபிள் அறுப்பும் நல்லாத்தான் போனது. பிரான்ஸும் பிரிட்டனும் வைத்திருக்கிற அணுகுண்டு மற்ற நாடுகளுக்கும் குடையாகுமா என்ற பெரிய விஷயத்தைக் கடைசி நாளில் அவசரமாகக் கொட்டிவிட்டார். அது சரியில்லை.

வட்ஸ்அப் குழுவில் சேர வேண்டாம். பாடக்குறிப்பு வருவது அபூர்வம், காலை வணக்கப் பூப்படமும் ‘மூன்றாம் உலகப்போர் நாளை’ வீடியோக்களும்தான் வரும். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு சூமில் பார்க்க 20 யூரோ கேட்கிறார்கள். ரயில் சத்தத்தோடு அந்தக் காசு கூட. நேரில் போகிறவர்கள் நாலு மணி வகுப்புக்கு நாலரைக்குப் போனால் போதும். பின்வரிசைக்கு மேலே இருக்கிற ஃபான் சுற்றாது. காசு கட்டினால் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.