ஏபிஎஸ் பெட்டி போய்விட்டது என்று சொன்னால் உடனே காசைக் கொடுக்காதீர்கள்

மாசி மாதம், காலபோக அறுவடை முடிந்த கையோடு, அப்பாவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் காரில் ஏற்றிக்கொண்டு ஒட்டுசுட்டானிலிருந்து விடியப்புறம் வெளிக்கிட்டேன். முறிகண்டிப் பிள்ளையாரிடம் தேங்காய் உடைத்துவிட்டுக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். மீற்றரில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் பார்க்கும் அமைப்பு) லைற் எரிந்தது, அடுத்து ஸ்டியரிங் லைற். ஸ்டியரிங் இறுகிவிட்டது. அப்பா பயந்துபோய் "தம்பி, ஓரமாக்கு, ஓரமாக்கு" என்றார்.

ஏ9 ஓரத்தில் நல்ல பெயருள்ள ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். ஸ்கானரைக் கொழுவிய இரண்டு நிமிடத்தில் "யு 0121 காட்டுது. ஏபிஎஸ் பெட்டி போய்ட்டுது, கொழும்பிலிருந்து எடுக்கவேணும்" என்றார்கள். யு 0121 என்பது ஸ்கானர் காட்டும் பிழைக் கோட்; பெட்டி என்றால் ஏபிஎஸ்ஸை இயக்கும் சின்னக் கம்பியூட்டர். பழைய வாகனத்தில் கழற்றிய பெட்டி 95,000, கூலி 12,000, ஸ்கான் 3,000. கிளினிக் திகதிகள் இருந்ததால் நானும் சரி என்றேன். பம்பும் பெட்டியும் ஒன்றாக வருவதால் பிரேக் குழாய்களையும் கழற்றி, எண்ணெய் விட்டு, காற்று எடுத்துப் பூட்டினார்கள். ஒரு குறையும் இல்லாத பிரேக்கை அவிழ்த்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தபோது, காசு போனதைவிட அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

லைற்றை அழித்து வாகனத்தைத் தந்தார்கள். மாங்குளம் தாண்டி ஒட்டுசுட்டான் வீதியில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் திரும்ப அதே லைற்றுகள், அதே யு 0121. போய்ச் சொன்னேன். "அப்ப ஸ்டியரிங் கம்பியூட்டரும் பிழை" என்று இன்னும் 1,80,000 கேட்டார்கள். அங்கேதான் நிறுத்தினேன்.

யு என்று தொடங்கும் கோட், காரில் உள்ள இப்படியான பெட்டிகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தை பற்றியது. யு 0121 என்றால் "ஏபிஎஸ் சொல்வது எனக்குக் கேட்கவில்லை" என்று இன்னொரு பெட்டி முறையிடுகிறது, அவ்வளவுதான். ஏபிஎஸ் பெட்டி செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதற்குப் போகும் பியூஸ் போயிருக்கலாம், ஏர்த் கழன்றிருக்கலாம், நடுவில் வயர் அறுந்திருக்கலாம். ஸ்டியரிங் இறுகியதற்கும் இதுதான் காரணம்: வண்டியின் வேகத்தை அது ஏபிஎஸ் பெட்டியிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. எல்லாப் பெட்டிகளையும் ஸ்கான் பண்ணி, யார் யாரைப் பற்றி முறையிடுகிறார்கள் என்று பார்த்திருந்தாலே பாதி விளங்கியிருக்கும். அந்தக் கராஜில் ஒரு பெட்டியை மட்டும் பார்த்தார்கள், அழித்தார்கள். கோட் பட்டியலை எனக்கு ஒரு கடதாசியில்கூட எழுதித் தரவில்லை.

அப்புறம் வவுனியாவில் வயரிங் வேலை மட்டும் செய்யும் ஒரு அண்ணையிடம் போனேன். அவர் ஸ்கானரை எடுக்கவே இல்லை. பற்றரியின் நெகட்டிவைக் கழற்றி, கதவைச் சாத்திவிட்டு, கொஞ்ச நேரம் பொறுக்கச் சொன்னார். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 துளைச் சொக்கெட்டில் 6க்கும் 14க்கும் மல்டிமீற்றரை வைத்தார். பெட்டிகள் பேசுவது முறுக்கிய இரண்டு வயர்களில். அதைக் கான் என்கிறார்கள். அதன் இரண்டு அந்தத்திலும் ஒவ்வொரு 120 ஓம் தடை இருக்கும். இரண்டும் சமாந்தரமாகச் சேர்ந்திருப்பதால் மீற்றர் 60 காட்டவேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, பூச்சியத்துக்குக் கிட்ட என்றால் இரண்டு வயரும் முட்டுகின்றன. எங்களுடையது 120.

பற்றரித் தட்டுக்குப் பின்னால் கையை விட்டு வயர்க்கட்டை மெதுவாக அசைத்தார். நான் மீற்றரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 120, 60, 120, 60. டேப்பைப் பிரித்தால் முறுக்கிய சோடியில் ஒரு வயர் கடிபட்டு, மயிர் போல ஒரு இழையில் தொங்குகிறது. பக்கத்தில் நெல்லு உமியும் எலிப் புழுக்கையும். சூடடித்த மூட்டைகளை நாங்கள் கார்க் கொட்டிலில்தான் அடுக்கியிருந்தோம். வெட்டி, ஈயம் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு, திரும்ப முறுக்கிக் கட்டினார். மீற்றர் 60இல் நின்றது. வாங்கியது 4,500 ரூபாய். அதன் பிறகு லைற் வரவில்லை.

ஆகவே யாராவது பெட்டி மாற்றச் சொன்னால், முதலில் 6க்கும் 14க்கும் இடையிலான அந்த ஓம் அளவை உங்கள் கண்ணுக்கு முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. நடுவில் கேற்வே (வயர் வலைகளைப் பிரித்து இணைக்கும் பெட்டி) இருக்கும் சில வாகனங்களில் அந்தச் சொக்கெட்டில் முழு வலையும் தெரியாது. அதற்கு வயரிங் படம் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். அழிக்கிறதுக்கு முன்னால் கோட் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பொருளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கட்டாயம் பில் வாங்குங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977இல் அழைத்து முறையிடலாம். என்னிடம் பில் இல்லை, அதனால்தான் கை கட்டப்பட்டு நிற்கிறேன்.

என்னுடைய பழைய ஏபிஎஸ் பெட்டி, நல்லாக வேலை செய்த பெட்டி, இன்னும் அந்தக் கராஜில்தான் இருக்கவேண்டும். மூன்று தரம் போய்க் கேட்டுவிட்டேன். முதல் தரம் "பிறகு தாறம்" என்றார்கள். கடைசித் தரம் "அது ஸ்கிராப்புக்குப் போட்டாச்சு" என்றார்கள்.