ஜெர்மனிக்கு எந்த மாதம் டிக்கெட் போடுவது?

மதுரையில் இருந்து சித்தப்பா போன் செய்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "டேய், ஊரே திருவிழாவா இருக்கிற நேரமாப் பாத்துச் சொல்லு, நானும் சித்தியும் வந்துட்டுப் போறோம்." அவர் மனதில் இருப்பது சித்திரைத் திருவிழா. லீவு விட்டால் ஊர் முழுக்கத் தெருவில் இருக்கும் என்பது அவர் கணக்கு.

ஜெர்மனியில் அந்தக் கணக்கு உதைக்கும். இங்கே அரசு விடுமுறை என்றால் கடைகள் மூடியிருக்கும், தெரு வெறிச்சோடிக் கிடக்கும். ஊர் களைகட்டுகிற நாட்களில் பெரும்பாலானவை காலண்டரில் சாதாரண வேலை நாட்கள். நான் இதைக் கற்றுக்கொண்டது வந்த முதல் வருடத்துப் புனித வெள்ளியில். வியாழக்கிழமை சாயங்காலம் "காய்கறி நாளைக்கு வாங்கிக்கலாம்" என்று படுத்துவிட்டேன். மறுநாள் சூப்பர் மார்க்கெட் பூட்டு. சனிக்கிழமை திறந்தார்கள், சரி என்று ஒரு நாளுக்கு மட்டும் வாங்கினேன். ஞாயிறு ஈஸ்டர், பூட்டு. திங்கள் ஈஸ்டர் திங்கள், அதற்கும் பூட்டு. பெட்ரோல் பங்க் சாண்ட்விச்சில்தான் அந்த வாரம் ஓடியது. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் விடுமுறையிலும் திறந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாடு முழுவதற்கும் பொதுவான விடுமுறை 9 நாட்கள்தான். அதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நவம்பர் 1 பவேரியாவில் விடுமுறை, பெர்லினில் வேலை நாள். மார்ச் 8 பெர்லினில் விடுமுறை, பவேரியாவில் வேலை நாள். விடுமுறை சனி, ஞாயிறில் விழுந்தால் அது போனது போனதுதான், திங்களன்று ஈடு கிடையாது. அந்த வகையில் 2027 இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு வயிற்றெரிச்சல் வருடம். மே 1 சனி, அக்டோபர் 3 ஞாயிறு, டிசம்பர் 25 சனி, 26 ஞாயிறு. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கோ லாபம், வார நாட்களில் கதவடைப்பு குறைவு. அதனால் சித்தப்பாவுக்கு 2027-ஐ வைத்தே கணக்குப் போட்டேன். போட்டியில் நான்கு பருவங்கள்.

பிப்ரவரி: கார்னிவல்

நவம்பர் 11 காலை 11:11-க்கே சீசன் தொடங்கிவிடும் என்றாலும், தெருவில் கூத்து நடப்பது, கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய ஆறு நாட்கள். 2027-இல் பிப்ரவரி 4 வியாழன் முதல் 9 செவ்வாய் வரை. வியாழன் பெண்களின் நாள். கொலோனில் அன்றைக்கு டை கட்டிக்கொண்டு அலுவலகம் போனால், யாராவது ஒரு பெண்மணி கத்தரிக்கோலோடு வந்து அதைப் பாதியில் வெட்டிவிட்டுப் போவார். கோபித்துக்கொள்ளக் கூடாது. திங்கள்கிழமை பெரிய ஊர்வலம், 1823 முதல் நடப்பது. வண்டிகளின் மேலிருந்து மிட்டாயும் சாக்லேட்டும் பூங்கொத்தும் வாரி இறைப்பார்கள். குடையைத் தலைகீழாய் விரித்துப் பிடிப்பவர்கள் அனுபவசாலிகள். கொலோனில் "அலாஃப்" என்று கத்த வேண்டும், பக்கத்து டுசெல்டார்ஃபில் "ஹெலாவ்". மாற்றிக் கத்தினால் முறைப்பார்கள்.

அந்தத் திங்கள்கிழமை சட்டப்படி விடுமுறை இல்லை. ஆனாலும் கொலோனில் பாதி ஊர் வேலைக்குப் போகாது. அதே நாளில் பெர்லினில் இறங்கினால் இப்படி ஒன்று நடப்பதற்கான அறிகுறியே இருக்காது.

எனக்குக் கொலோனைவிட ரோட்வைல் பிடிக்கும். தெற்கே இருக்கும் சின்ன ஊர். அதே திங்கள் காலை 8 மணிக்கு, பழைய கோட்டை வாசல் வழியாக மரத்தில் செதுக்கிய முகமூடிகளோடு கோமாளிகள் குதித்துக்கொண்டு இறங்குவார்கள். உடம்பெல்லாம் மணி கட்டியிருப்பார்கள், சத்தம்தான் முதலில் வரும். ஆனால் பிப்ரவரிக் குளிரில் விடியற்காலை தெருவில் நிற்க வேண்டும். சித்தப்பாவின் முழங்காலுக்கு இது ஆகாது. முப்பது வயதுக்குள் இருப்பவர்கள், நண்பர்களோடு வருபவர்கள் தாராளமாக வரலாம்.

மே: விடுமுறைகள் வரிசை கட்டும் மாதம்

ஈஸ்டரை மேலேயே சொல்லிவிட்டேன், அதற்கென்று வர வேண்டாம். மே வேறு கதை. 2027-இல் மே 6 வியாழன் விண்ணேற்ற நாள், மே 17 திங்கள் பெந்தெகொஸ்தே திங்கள், மே 27 வியாழன் கத்தோலிக்கர் அதிகமுள்ள மாநிலங்களில் மட்டும் இன்னொரு விடுமுறை. வியாழன் விடுமுறை என்றால் வெள்ளிக்கிழமையை இங்கே "பாலம் நாள்" என்பார்கள். ஒரே ஒரு நாள் லீவு போட்டு நான்கு நாள் சம்பாதிப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சம்பாதிப்பதால் புதன் சாயங்காலம் ரயிலில் நிற்க இடம் இருக்காது. அந்த நாட்களில் நீங்கள் ஒரே ஊரில் இருந்துவிடுங்கள், அவர்கள் போய் வரட்டும்.

விண்ணேற்ற நாள்தான் இங்கே தந்தையர் தினமும். ஆண்கள் கூட்டமாக, கைவண்டியில் பீர் பெட்டிகளை ஏற்றி இழுத்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடப்பார்கள். பிள்ளைகளோடு செலவழிக்கும் நாள் என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியவில்லை, நடப்பது வேறு.

மே மாதத்தின் பலம் வானிலை. மாதக் கடைசியில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகும். ஒரு நாளில் இரண்டு நாள் சுற்றலாம். வெள்ளை அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய்க்குச் சீசன் வேறு, ஜூன் 24 வரை ஊரெல்லாம் அதே பேச்சு. சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த நாட்டில் ராஜா மாதிரி நடத்தப்படும் ஒரே பருவம் இதுதான் என்பேன். பெந்தெகொஸ்தே வார இறுதியில் பெர்லினில் பல நாட்டுக் குடியேறிகளின் கலாசாரத் திருவிழா நடக்கும், லைப்சிக்கில் கறுப்பு உடை அணிந்த கோத் இசை ரசிகர்கள் ஊரையே நிறைத்துவிடுவார்கள்.

அப்புறம் ஹம். மே கடைசி, ஜூன் வாக்கில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலில் தேர். ஈழத்தில் இருந்து அகதிகளாய் வந்தவர்கள் எழுப்பிய கோயில், 2002-இல் குடமுழுக்கு ஆனது. தொழிற்பேட்டைக்கு நடுவே கோபுரம் நிற்கும். தேர் அன்று காவடி, கற்பூரம், சிதறு தேங்காய் எல்லாம் உண்டு. ஜெர்மானியப் போலீஸ்காரர்கள் பொறுமையாக வழிவிட்டு நிற்பார்கள். தேதி ஆண்டுதோறும் மாறும், கோயிலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இதைச் சித்தியிடம் சொன்னது என் தவறு.

செப்டம்பர் கடைசி: அக்டோபர்ஃபெஸ்ட்

பெயரில் அக்டோபர் இருப்பதை நம்பி அக்டோபர் நடுவில் வந்து இறங்கிய குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். கூடாரங்களைப் பிரிப்பதைத்தான் பார்த்தார்கள். 1810 அக்டோபர் 12-இல் பவேரிய இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசாவுக்கும் நடந்த கல்யாணத்தை ஒட்டிப் பிறந்த மியூனிக் பீர் விழா அது. அந்தக் கொண்டாட்டம் குதிரைப் பந்தயத்தோடு முடிந்தது. குளிருக்குப் பயந்து பிற்காலத்தில் செப்டம்பருக்கு நகர்த்திவிட்டார்கள். இப்போது செப்டம்பர் 15-க்கு அடுத்து வரும் சனியன்று தொடங்கும். 2027-இல் செப்டம்பர் 18 முதல் அக்டோபர் 3 வரை.

மைதானத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. ஆனால் உட்கார இடம் கிடைத்தால்தான் கூடாரத்தில் பீர் கொடுப்பார்கள், மேசைகளைப் பல மாதங்களுக்கு முன்பே குழுக்களாகப் பதிவு செய்துவிடுகிறார்கள். பதிவு இல்லாதவர்களுக்கான வழி, வார நாளில் காலையிலேயே போய்விடுவது. ஒரு லிட்டர் பீர் 2025-இல் பெரும்பாலான கூடாரங்களில் 15 யூரோவுக்கு மேல். அதை நூறால் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் கூடாரத்துக்கு வெளியிலேயே நின்றுவிடுவது மனதுக்கு நல்லது. வெளியே ராட்டினங்கள், சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம், பிரெட்செல் என்று நேரம் போவது தெரியாது. செவ்வாய்க்கிழமைகள் குடும்ப நாள், சாயங்காலம் வரை ராட்டினக் கட்டணம் குறைவு. பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள். 3 லிட்டர் கொள்ளளவுதான் எல்லை, தண்ணீர் பாட்டிலும் ஸ்வெட்டரும் திணித்த நம் வழக்கமான பேக் வாசலிலேயே நின்றுவிடும்.

பர்ஸுக்கு உண்மையான அடி ஹோட்டல் வாடகையில். மியூனிக்கில் அந்த இரண்டு வாரம் சாதாரண அறைக்குக்கூடப் பல மடங்கு கேட்பார்கள். அவுக்ஸ்பூர்க்கில் தங்கி ரயிலில் வந்து போவது பலர் செய்யும் தந்திரம். முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

இதே நாட்களில் ஸ்டுட்கார்ட்டில் கான்ஷ்டாட் விழா நடக்கும், நெக்கர் ஆற்றங்கரையில். 1815-இல் தம்போரா எரிமலை வெடித்து, 1816-இல் கோடையே இல்லாமல் போய், விளைச்சல் அழிந்து மக்கள் பட்டினி கிடந்தார்கள். அதற்குப் பிறகு 1818-இல் விவசாயிகளை ஊக்கப்படுத்த வூர்ட்டெம்பெர்க் அரசர் முதலாம் வில்ஹெல்ம் தொடங்கிய அறுவடை விழா இது. பழமும் காய்கறியும் தானியமும் வைத்து அலங்கரித்த உயரமான தூண் இன்றும் மைதானத்து நடுவில் நிற்கும். அதே கூடாரம், அதே பீர், அதே மேளம், ஆனால் உலகமே அங்கே வந்து முட்டுவதில்லை. உள்ளூர்ப் பேச்சு காதில் விழும். நான் இருப்பது ஸ்டுட்கார்ட், அந்தப் பாசத்தில் சொல்கிறேன் என்று மியூனிக்காரர்கள் சொல்லலாம். சொல்லட்டும். "அக்டோபர்ஃபெஸ்ட் போனேன்" என்று போட்டோ போடத்தான் வேண்டும் என்றால் மியூனிக், விழாவில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் ஸ்டுட்கார்ட்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் காலாண்டு லீவும் ஏறக்குறைய இந்தச் சமயத்தில்தான். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

டிசம்பர்: சந்தைகள்

நம் ஊரில் இருந்து வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அரையாண்டு லீவு விட்டதும் 23, 24-ஆம் தேதி விமானம் ஏறுவார்கள், "கிறிஸ்துமஸ் ஜெர்மனியில்" என்று. வந்து இறங்கும்போது பெரும்பாலான கிறிஸ்துமஸ் சந்தைகள் முடிந்திருக்கும். கொலோனில் 23-உடன் சரி, நூரம்பெர்க்கில் 24 மதியத்தோடு சரி. 24-ஆம் தேதி காலண்டரில் விடுமுறையே இல்லை, ஆனால் பிற்பகல் 2 மணிக்கெல்லாம் கடைகளை மூடிவிடுவார்கள். 2027-இல் வெள்ளி மதியம் மூடினால் திங்கள் காலைதான் திறப்பு. அந்த இரண்டரை நாளும் ஜெர்மானியர்கள் வீட்டுக்குள் குடும்பத்தோடு இருப்பார்கள், நீங்கள் ஹோட்டல் ஜன்னலில் இருப்பீர்கள். 26-க்குப் பிறகுதான் வர முடியும் என்றால் பெர்லினைப் பிடியுங்கள், அங்கே சில சந்தைகள் ஆண்டுக் கடைசி வரை ஓடும்.

கொண்டாட்டம் அதற்கு முந்தைய நான்கு வாரத்தில். இறந்தோர் நினைவு ஞாயிறு முடிந்த மறுநாள், அதாவது 2027 நவம்பர் 22-ஐ ஒட்டி, பல ஊர்களில் சந்தை திறக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை அட்வென்ட் என்பார்கள். நூரம்பெர்க்கில் முதல் அட்வென்ட்டுக்கு முந்தைய வெள்ளி, நவம்பர் 26. சாயங்காலம் தேவாலய மாடத்தில் தங்கச் சுருள்முடியோடு ஒரு பெண் தோன்றி விழாப் பாடலைச் சொல்லித் திறந்து வைப்பாள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஊர்ப் பெண்களில் இருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறவள். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக் கூரைக் கடைகள், ஒரு ரொட்டிக்குள் மூன்று குட்டி சாஸேஜ். அழகுதான், கூட்டமும் அப்படித்தான்.

டிரெஸ்டன் சந்தை 1434-இல் தொடங்கியது. ஷ்டோலன் என்ற உலர்பழ ரொட்டி அந்த ஊரின் பெருமை. இரண்டாம் அட்வென்ட்டுக்கு முந்தைய சனியன்று ராட்சத ஷ்டோலன் ஒன்றை வண்டியில் ஊர்வலமாகக் கொண்டு வந்து வெட்டி விற்பார்கள். இரண்டில் எது என்றால் எனக்கு டிரெஸ்டன். அங்கிருந்து ஒரு நாள் எர்ட்ஸ் மலைப் பக்கம் போய்வரலாம். சுரங்கம் நொடித்த பிறகு மரம் கடைந்து பிழைத்த கிராமங்கள் அவை. வீட்டுக்கு வீடு ஜன்னலில் வளைவு வடிவ மர விளக்கு எரியும். செய்பவர் கையிலேயே வாங்கலாம்.

டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். அது குறை போலத் தெரியும், ஆனால் விளக்குச் சந்தைக்கு அதுதான் அழகு. வார நாளில் மூன்றரை மணிக்குப் போய் நின்றால் வெளிச்சம் மாறுவதையும் பார்க்கலாம், கூட்டமும் தாங்கும். சனிக்கிழமை இரவு போகாதீர்கள். சூடான மசாலா ஒயின் கோப்பைக்குச் சில யூரோ முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம், கொடுக்காவிட்டால் கோப்பை உங்களுக்கு. மது வேண்டாதவர்கள் குழந்தைகள் பஞ்ச் கேட்கலாம், அதே மணம், அதே சூடு.

என் ஓட்டு டிசம்பர் முதல் வாரத்துக்கு. அரசு விடுமுறை ஒன்றுகூடக் குறுக்கே வராது, கடைகள் திறந்திருக்கும், மியூனிக் விழா வாடகை கிடையாது. குளிர் ஒன்றுதான் விலை. பிள்ளைகள் பள்ளியில் இருந்தால் செப்டம்பர் கடைசி. விசா விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்னதாகவே கொடுக்கலாம், தள்ளிப் போடாதீர்கள்.

இதையெல்லாம் முக்கால் மணி நேரம் போனில் விளக்கினேன். சித்தப்பா "சரிப்பா, டிசம்பரே போட்டுரு" என்றார். பின்னால் இருந்து சித்தி குரல். "அதெல்லாம் இருக்கட்டும், அந்த அம்மன் தேர் என்னைக்குன்னு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க."

இப்போது மே கடைசிக்கு விமானக் கட்டணம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.