கொழும்பா, மொரிஷியஸா, காரைக்குடியே போதுமா?

காரைக்குடியில் நாலைந்து பேரை வைத்து வெளிநாட்டுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவர்கள், லண்டன் கடைகளுக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது: "அண்ணே, மொரிஷியஸ்ல கம்பெனி போட்டா டாக்ஸ் கம்மியாமே?" பக்கத்திலேயே ஒருவர், கொழும்புதான் கிட்ட, அங்கே போடலாமே என்பார். இரண்டுமே தீவு, இரண்டுமே சேவை ஏற்றுமதியை நம்பும் நாடு, இரண்டிலும் நம் ஆட்கள் உண்டு. ஆனால் தொழில் செய்யப் போனால் ரொம்ப வேறு வேறு.

வரியை முதலில் பேசி முடித்துவிடலாம். மொரிஷியஸில் கம்பெனி வரி 15 சதவீதம். இலங்கையில் சேவை ஏற்றுமதி வருமானத்துக்கு 2025 மார்ச் வரை வரிவிலக்கு இருந்தது. ஏப்ரல் முதல் அங்கேயும் 15. இங்கே புதிய முறையைத் தேர்ந்தெடுக்கும் கம்பெனிக்கு சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 25.17. பத்து சதவீதம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அந்த லாபத்தை டிவிடெண்டாக ஊருக்குக் கொண்டுவந்தால் உங்கள் கையில் திரும்ப வரி விழும். அது போக, வெளிநாட்டில் முதல் போட ஃபார்ம் எஃப்சி என்ற படிவம், அப்புறம் வருடா வருடம் டிசம்பர் 31-க்குள் ரிசர்வ் வங்கிக்கு ஏபிஆர் என்ற ஆண்டறிக்கை, இரண்டு ஊர் ஆடிட்டருக்கும் ஃபீஸ். சின்ன கம்பெனிக்கு அந்தப் பத்து சதவீதம் இதிலேயே கரைந்துவிடும்.

வரியைவிடப் பெரிய கேள்வி, போன பணம் திரும்பி வருமா என்பது. செட்டிநாட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பர்மாவில் வட்டிக்கு விட்டிருந்த செட்டியார்களுக்கு, நெல் விலை 1930-களில் சரிந்தபோது கடன் வாங்கியவர்களின் நிலம்தான் கையில் மிஞ்சியது. 1942-ல் ஜப்பான் வந்ததும் அதையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியிருந்தது. சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டது. வட்டியில் குறை இல்லை. முதல்தான் வரவில்லை.

இந்தக் கேள்வியில் மொரிஷியஸ் தெளிவாக முந்துகிறது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டை 1994-லேயே தூக்கிவிட்டார்கள். டாலரில் வாங்கி, டாலரில் வைத்திருந்து, டாலரில் அனுப்பலாம். இலங்கையிலும் 2017-ன் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டு முதலீட்டாளர் லாபத்தை எடுத்துப் போகலாம். ஆனால் முதலை உள்ளே கொண்டுவரும்போதே ‘உள்முக முதலீட்டுக் கணக்கு’ என்ற தனி வங்கிக் கணக்கு வழியாகக் கொண்டுவர வேண்டும். ஆரம்பத்தில் அவசரத்துக்கு நண்பர் கணக்குக்குப் பணம் அனுப்பி வாடகை அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பிறகு லாபத்தை எடுக்கப் போனால் வங்கி கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

2022-ஐயும் மறக்க முடியாது. அந்த மார்ச்சில் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த இலங்கை ரூபாய் மே மாதத்துக்குள் 360-ஐத் தொட்டது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அரசே அறிவித்தது. ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் கட். டாலரில் சம்பாதித்து ரூபாயில் செலவு செய்யும் ஏற்றுமதி கம்பெனிக்குக் கணக்கில் இது லாபம்தான். ஆனால் சம்பளத்தை டாலரோடு முடிச்சுப் போடச் சொல்லி ஆட்கள் கேட்டார்கள், முடியாத இடங்களில் ஆஸ்திரேலியாவுக்கும் வளைகுடாவுக்கும் விமானம் ஏறினார்கள். இப்போது நிலைமை தேறியிருக்கிறது. இருந்தாலும் மூன்று மாதச் செலவுக்கான பணத்தை அந்த நாட்டுக்கு வெளியே வைத்திருக்காமல் கொழும்பில் கடை போட வேண்டாம் என்பேன்.

ஆள் கிடைப்பது என்று வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. மொரிஷியஸின் மொத்த மக்கள்தொகையே நம் சிவகங்கை மாவட்டத்தை விடக் கொஞ்சம் குறைவு. அங்குள்ள ஐடி வளாகமான எபேன் சைபர் சிட்டியில் பெரிய கம்பெனிகள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. நல்ல புரோகிராமரை அவர்களோடு போட்டி போட்டுத்தான் எடுக்க வேண்டும். இலங்கையில் ஆழம் அதிகம். மில்லேனியம் ஐடி என்ற கொழும்பு நிறுவனம் எழுதிய பங்கு வர்த்தக மென்பொருளைப் பார்த்து, லண்டன் பங்குச் சந்தைக் குழுமம் 2009-ல் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. 2005-ல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் நிறுவனத்தை 2024-ல் ஸ்வீடனின் இக்யூடி என்ற முதலீட்டு நிறுவனம் 60 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. கணக்கு வேலைக்கு வந்தால், சீமா என்ற பிரிட்டிஷ் கணக்கியல் படிப்பை முடித்தவர்கள் அங்கே தெருவுக்குத் தெரு. லண்டன் வாடிக்கையாளரின் மாதக் கணக்கை முடிக்க இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது சிரமம்.

மொரிஷியஸின் தனி பலம் பிரெஞ்சு. ஆங்கிலமும் பிரெஞ்சும் சரளமாகப் பேசும் ஆள் அங்கே சாதாரணம், பாரிஸோடு நேர வித்தியாசம் கோடையில் இரண்டு மணி, குளிர்காலத்தில் மூன்று. பிரான்ஸோ, பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகளோ உங்கள் வாடிக்கையாளர் என்றால் யோசிக்கவே வேண்டாம். கூடவே 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தியா–மொரிஷியஸ் வர்த்தக ஒப்பந்தத்தில் சேவைகளும் சேர்த்தி. இந்தியச் சேவை நிறுவனங்களுக்கு சேவைத் துறைகளில் 115 உட்பிரிவுகள் வரை திறந்திருக்கின்றன. இலங்கையோடு 2000-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் சரக்குக்கு மட்டும். சேவைக்கும் நீட்டும் பேச்சு எத்தனையோ வருடமாக இழுக்கிறது. அங்குள்ள டாக்டர்கள், இன்ஜினியர்கள் சங்கங்கள் எதிர்ப்பதும் ஒரு காரணம்.

மொரிஷியஸ் என்றால் வெறும் முகவரிதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டுத் தொழில் செய்யும் கம்பெனிக்கான குளோபல் பிசினஸ் லைசென்ஸ் வாங்கினால் அங்கே வசிக்கும் இரண்டு இயக்குநர்கள், அங்கேயே பிரதான வங்கிக் கணக்கு, அங்கேயே தணிக்கை எல்லாம் வேண்டும். 2020 முதல் 2021 வரை, கள்ளப்பணத் தடுப்பைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப்பின் சாம்பல் பட்டியலில் இருந்துவிட்டு வந்த நாடு, அதனால் காகிதத்தில் கெடுபிடி அதிகம். இலங்கையும் 2017 முதல் 2019 வரை அதே பட்டியலில் இருந்ததுதான்.

போக்குவரத்தில் போட்டியே இல்லை. திருச்சியில் ஏறினால் கொழும்பு ஒரு மணி நேரம், கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம். செட்டியார் தெருவில் கதிரேசன் கோயிலும் இருக்கிறது. மொரிஷியஸுக்குத் திருச்சியிலிருந்து நேர் விமானம் கிடையாது. அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது என்று சிலர் உருகுவார்கள். அதை நம்பி யாரும் இன்வாய்ஸ் போட முடியாது. யாழ்ப்பாணத்திலும் இளைஞர்கள் நன்றாக சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள், தமிழிலேயே வேலை வாங்கலாம். ஐந்து பேர் தேவை என்றால் அங்கே பாருங்கள், ஐம்பது பேர் என்றால் கொழும்புதான்.

என் கட்சி இது. பத்துப் பேருக்குக் கீழ் உள்ள கம்பெனி எந்தத் தீவிலும் கம்பெனி பதிய வேண்டாம். பில் காரைக்குடியிலிருந்தே போகட்டும். கூடுதல் கைகள் வேண்டுமானால் கொழும்பில் ஒரு நிறுவனத்துக்கு வேலையைப் பிரித்துக் கொடுங்கள். அவர்களுக்கு நீங்கள் அனுப்பும் பணத்துக்கு ரிவர்ஸ் சார்ஜில் 18 சதவீதம் ஜிஎஸ்டி நீங்கள்தான் கட்ட வேண்டும். ஏற்றுமதி செய்வதால் ரீஃபண்ட் கேட்கலாம், வரும்வரை அந்தப் பணம் முடங்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு பேபாலில் அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். பல வருடமாக அங்கே பேபாலில் பணம் கட்டத்தான் முடிந்தது, பெற முடிந்ததில்லை. வங்கி வழியே அனுப்புங்கள். மொரிஷியஸ் இரண்டு பேருக்குத்தான்: பிரெஞ்சு வாடிக்கையாளர் வைத்திருப்பவருக்கும், வெளிநாட்டு முதலீட்டாளரின் பணத்தை வாங்கப் போகிறவருக்கும்.

காரைக்குடியிலும் குறை இல்லாமல் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று காலை ஒன்பதிலிருந்து மாலை வரை இன்வெர்ட்டர்தான் கதி. பழைய வீட்டில் ஆபீஸ் போட்டால் முகப்பில் வைத்த வைஃபை இரண்டாம் கட்டைத் தாண்டாது. அந்தச் சுவரின் கனம் அப்படி, கேபிள் இழுத்துவிடுங்கள். ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி பில் போட எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் வேண்டும். அது ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும். மார்ச் முடிவதற்குள் அடுத்த வருடத்துக்குப் போட்டுவிடுங்கள்.