பிரஷோவின் தொன்மக் கதைகளுக்குள் ஓர் இரவு நடை: நூறு லெய்க்குத் தகுமா?

ருமேனியாவில் கார்பாத்தியன் மலைகளின் மடியில், ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிரஷோவ் என்னும் பழைய நகரத்தில், இரவு எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடியும் வழிகாட்டி நடை ஒன்றில் சென்ற அக்டோபரில் நானும் என் அக்காவும் கலந்துகொண்டோம். கோட்டைச் சுவர்களுக்குள் வழங்கும் கதைகளை அவை நடந்ததாகச் சொல்லப்படும் இடங்களிலேயே நின்று சொல்வார்கள் என்பது விளம்பரம். கட்டணம் ஆளுக்கு 100 லெய்; நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின். இத்தகைய நடைகளைப் பலர் நடத்துகிறார்கள். குறைகளையும் எழுதப்போவதால் நாங்கள் போன நிறுவனத்தின் பெயரை இங்கே தரவில்லை.

புக்கரெஸ்டிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பதால் பகலில் இங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. எட்டு மணிக்கு நகரமன்றச் சதுக்கத்தின் நீரூற்றருகே நாங்கள் கூடியபோது கடைகள் பாதி அடைத்திருந்தன. குளிர் காதைக் கடித்தது. எதிரே டம்பா மலையின் உச்சியில் நகரின் பெயர் வெள்ளை எழுத்துகளில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க உள்ளூர்ப் பெண் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். ஆங்கிலம் தெளிவாக இருந்தது, அவசரமில்லாமல் பேசினார். அந்த எழுத்துகளைக் காட்டி அவர் சொன்ன முதல் செய்தியே என்னை நிமிர்ந்து உட்கார வைத்திருக்கும், உட்கார இடம் இருந்திருந்தால்: 1950 முதல் 1960 வரை இந்த நகரத்தின் அதிகாரப்பூர்வமான பெயர் ஸ்டாலின் நகரம், அந்தப் பெயரை இதே மலைச்சரிவில் மரங்களைக் கொண்டே எழுதியிருந்தார்கள். தொன்மம் என்றால் ஐநூறு ஆண்டுப் பழமை வேண்டும் என்பதில்லை, பாட்டி கண்ணால் கண்டதும் பேத்திக்குக் கதையாகிவிடும் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் நடக்கத் தொடங்கினார்.

சதுக்கத்தின் நடுவே நிற்கும் பழைய நகரமன்றக் கட்டடம் 1420ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் கோபுரத்திலிருந்து எக்காளம் ஊதி நேரத்தையும் ஆபத்தையும் அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டது வேறொரு ஊதுகுழல்காரனின் கதை. ஜெர்மனியின் ஹாமலின் நகரில் 1284இல் குழலூதி ஒருவன் 130 குழந்தைகளை அழைத்துப் போய் மலைக்குள் மறைந்தான் அல்லவா, அந்தக் குழந்தைகள் பூமிக்கடியிலேயே நடந்து வந்து வெளிப்பட்ட இடம் இந்தச் சதுக்கம்தான் என்பது பிரஷோவ்காரர்களின் கட்சி. இந்தக் கதையை வழிகாட்டி கையாண்ட விதம்தான் நடை முழுவதிலும் சிறந்த பகுதி. முதலில் கதையைக் கதையாகவே, குரலைத் தாழ்த்தி, எங்கள் காலடிக் கற்களைக் காட்டிக்காட்டிச் சொல்லி முடித்தார். பிறகு, ஹங்கேரிய மன்னர்கள் 12ஆம் நூற்றாண்டிலிருந்தே ஜெர்மானிய மொழி பேசுவோரை எல்லைக் காவலுக்கும் வணிகத்துக்கும் அழைத்து வந்து, பிரஷோவ் அடங்கிய டிரான்சில்வேனியாவில் குடியமர்த்தியதையும், 1211இல் டியூடானிக் வீரர்கள் என்ற ஜெர்மானியத் துறவிப் போர்வீரர் அமைப்புக்கு இந்தப் பள்ளத்தாக்கைக் கொடுத்த மன்னர் இரண்டாம் ஆண்ட்ரூ 1225இல் அவர்களைத் துரத்தியடித்ததையும், வந்த குடிகள் மட்டும் சாக்சன்கள் என்ற பெயரோடு எண்ணூறு ஆண்டுகள் இங்கேயே தங்கிவிட்டதையும் விளக்கினார். நடு ஐரோப்பாவில் பிள்ளைகள் காணாமல் போன கதையும், கிழக்கே ஒரு மலையூரில் ஜெர்மன் பேசும் மக்கள் திடீரென இருந்ததும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டது எப்படி என்று அப்போது விளங்கியது. பிற்காலத்தில் கம்யூனிச சர்வாதிகாரி செளஷெஸ்குவின் ஆட்சி மேற்கு ஜெர்மனியிடம் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு சாக்சன்களை அனுப்பியதையும், ஆட்சி கவிழ்ந்த பின் 1990இல் எஞ்சியவர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டதையும் சொல்லி, "ஹாமலின் பிள்ளைகள் பேருந்தில் ஊர் திரும்பிவிட்டார்கள்" என்று முடித்தார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அது சிரிக்கச் சொன்னதும் அல்ல.

அடுத்து கருப்புத் தேவாலயம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1477 வரை கட்டப்பட்ட, 89 மீட்டர் நீளமுள்ள இந்த கோதிக் கட்டடம் இரவில் அண்ணாந்து பார்க்கும்போது பகலைவிட இரு மடங்கு பெரிதாகத் தெரிகிறது. 1689 ஏப்ரல் 21ஆம் தேதி நகரத்தில் பெரும்பகுதியை அழித்த தீயில் சுவர்கள் கரிந்ததால் இந்தப் பெயர் வந்ததாக வழக்கமாகச் சொல்வார்கள். முந்தைய ஆண்டு நகரம் அடிபணிந்த, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மரபின் படையினரே அந்தத் தீயை வைத்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. கருப்பு என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான் என்பதையும், தொழிற்சாலைப் புகைக்கும் அந்த நிறத்தில் பங்கு உண்டு என்பதையும் வழிகாட்டி மறைக்காமல் சொன்னார். அதுவரை புனித மரியாள் ஆலயம் என்றே அதற்குப் பெயர்.

இந்த ஆலயத்தின் வெளிச்சுவரைத் தாங்கும் உதைசுவர் ஒன்றின் மேல், விளிம்பைத் தாண்டி எட்டிக் குனியும் சிறுவனின் சிற்பம் ஒன்று இருக்கிறது. கட்டுமானத்தில் வேலை செய்த அந்தச் சிறுவன் சுவர் சாய்ந்திருப்பதைக் கண்டு சாக்சன் கொத்தனாரிடம் சொல்ல, தன் பிழை வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சிய கொத்தனார், எங்கே காட்டு என்று அவனை எட்டிப் பார்க்கச் சொல்லித் தள்ளிவிட்டதாகக் கதை. சொல்பவரைப் பொறுத்துப் பையனின் இனம் மாறும். நமக்கு இது கேட்ட கதை போலத்தான் ஒலிக்கும். கோனார்க்கில் ஆயிரத்திருநூறு சிற்பிகளால் முடியாத கலசத்தை ஏற்றி வைத்துவிட்டுக் கடலில் குதித்த பன்னிரண்டு வயதுத் தர்மபதனும், பேலூரில் அப்பன் ஜக்கணாச்சாரி செதுக்கிய கல்லுக்குள் தேரை இருப்பதைச் சுட்டிக்காட்டிய மகன் டங்கணனும் இவனுடைய உடன்பிறப்புகள்தாம். பெரிய கோயில் எழும்பும் இடத்திலெல்லாம் பெரியவர்களின் பிழையைக் கண்டுபிடிக்கும் ஒரு பிள்ளை எங்கிருந்தோ வந்துவிடுகிறான்.

குறை இந்த இடத்தில்தான் தொடங்கியது. எங்கள் குழுவில் இருபத்து நான்கு பேர். வழிகாட்டியின் கையிலிருந்த டார்ச் விளக்கு, வீட்டில் மின்சாரம் போனால் மெழுகுவர்த்தி தேடப் பயன்படுத்தும் அளவுக்கானது. அதன் ஒளி பாதிச் சுவர் வரை ஏறி அங்கேயே கரைந்துவிட்டது. மேலே ஏதோ ஒரு நிழல் இருக்கிறது என்பதைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியவில்லை; எல்லோரும் தெரிந்ததாகத் தலையாட்டினார்கள். கதையே அந்தச் சிற்பத்தைப் பற்றியது எனும்போது, நல்ல விளக்கு ஒன்று வாங்கிக் கொடுக்க நிறுவனத்துக்கு என்ன செலவு ஆகிவிடப்போகிறது?

இருபத்து நான்கு பேர் என்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பது கயிற்றுத் தெருவில் விளங்கியது. ஸ்ட்ராடா ஸ்ஃபோரி என்று ருமேனிய மொழியில் அழைக்கப்படும் இந்தச் சந்து ஏறத்தாழ 80 மீட்டர் நீளம்; அகலம் இடத்துக்கு இடம் 111 முதல் 135 சென்டிமீட்டர் வரை. தீயணைப்பவர்கள் குறுக்கே ஓடுவதற்காக விட்ட இடைவெளி பின்னால் தெருவாகிவிட்டது. நான் இரு கைகளையும் விரித்துப் பார்த்தேன். முழங்கை மடங்கிய நிலையிலேயே இரு பக்கச் சுவர்களின் சுண்ணாம்பும் விரல் நுனிகளில் ஒட்டியது. அக்கா, "கும்பகோணத்துல பாட்டி வீட்டுக் கொல்லைச் சந்து இதைவிட ஒடுக்கம்டா, அதுக்கு நாம யாருக்கும் டிக்கெட் போடல" என்றாள். அகலம் இவ்வளவுதான் என்று தெரிந்திருந்தும் வழிகாட்டி சந்தின் நடுவில் நின்றுகொண்டு கதை சொன்னார். வரிசையில் முதல் ஏழெட்டுப் பேருக்குக் கதை, மற்றவர்களுக்கு முன்னால் நிற்பவரின் முதுகு. சந்துக்கு வெளியே நிறுத்திச் சொல்லிவிட்டு உள்ளே அமைதியாக நடத்திச் சென்றிருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும். நான் பதினேழாவது ஆளாக நின்றேன். என்ன சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அங்கிருந்து ஓடையை ஒட்டிக் கோட்டைச் சுவருக்கு வெளியே செல்லும் 'சுவருக்குப் பின்னால்' என்ற பெயருள்ள பாதை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மரம் அடர்ந்த சரிவு, மேலே குன்றின் மீது 1494இல் முடிந்த வெள்ளைக் கோபுரமும் அதன் துணையான கருப்புக் கோபுரமும். தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும், மனம் தானாகக் கதை கட்டும். நிறுவனத்தாருக்கு அந்த நம்பிக்கை இல்லை போலும். கருப்பு அங்கி அணிந்து பல் செட் மாட்டிய ஓர் ஆள் மரத்தடியிலிருந்து பாய்ந்து வந்து கத்தினார். ஒரு சிறுமி அழுதாள். மூட்டுவலிக்காரியான என் அக்கா ஈரக் கல்லில் கால் பிசகி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நிகழ்ச்சி நிரலில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முழு நடையிலும் எனக்குச் சினம் மூட்டியது இது ஒன்றுதான்.

அந்த வேடத்தைத் தொடர்ந்து வந்த டிராகுலா பகுதியும் அதே தரத்தில் இருந்திருந்தால் பாதியிலேயே திரும்பியிருப்பேன். நல்லவேளையாக வழிகாட்டி அங்கிக்காரரை அனுப்பிவிட்டுத் தன் போக்குக்கு மீண்டார். 1897இல் அந்த நாவலை எழுதியவர் இந்த நாட்டில் கால் வைத்ததே இல்லை. ஆனால் டிராகுலா என்ற பெயருக்கு உரியவனான, மலைக்குத் தெற்கே இருந்த வலாக்கியா நாட்டின் ஆட்சியாளன் மூன்றாம் விளாட் இந்த நகரத்தோடு உண்மையாகவே மோதியவன். தன் அரியணைக்குப் போட்டியாளர்களை ஆதரித்த சாக்சன் வணிகர்கள் மீது அவன் படையெடுத்து, நகரின் புறப்பகுதிகளைக் கொளுத்தி, பிடிபட்டவர்களைக் கழுவேற்றினான். 'கழுவேற்றி' என்பதே அவனுடைய பட்டப்பெயர். அவன் ஏற்றிய கழுமரக் காட்டின் நடுவே அமர்ந்து உணவு உண்டதைக் காட்டும் மரச்செதுக்குப் படம் 1499இல் நூரெம்பெர்க்கில் அச்சானது. அதாவது அவன் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, அவனால் அடிபட்டவர்களின் மொழியில், அச்சகங்கள் நல்ல விற்பனைச் சரக்குத் தேடிக்கொண்டிருந்த காலத்தில். கொடுமை நடந்தது உண்மை, எண்ணிக்கையை நம்புவதற்கு முன் சொன்னவர் யார் என்று பாருங்கள் என்றார் அவர். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை எளிதில் பிடிபடும்.

இந்தப் பேச்சுக்கு நடுவே, ஏறக்குறைய இருபது கைப்பேசிகள் ஒரே சமயத்தில் கர்ணகடூரமாக அலறின. அங்கிக்காரரின் பாய்ச்சலுக்கு அசராத ஆறடி இளைஞர் ஒருவர் கைப்பேசியைக் கீழே போட்டுவிட்டார். அது அரசின் அவசர எச்சரிக்கை: டம்பா மலையின் மறுபக்கக் குடியிருப்பில் கரடி நடமாட்டம். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே பழுப்புக் கரடிகள் மிகுதியாக வாழும் நாடு இது; குப்பைத் தொட்டிகளைத் தேடி அவை இந்த நகரத்துக்குள் இறங்குவது வாடிக்கை. அதனால்தான் நடையில் மலையேற்றம் சேர்க்கப்படவில்லை என்று வழிகாட்டி சொல்லி, எங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, வெளிச்சமுள்ள தெருவுக்கு அழைத்துச் சென்றார். அந்த நிதானத்துக்காக அவருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

கடைசி நிறுத்தம் 1559இல் கட்டப்பட்ட காதரின் வாயில். கூர்ங்கோபுரத்தின் நான்கு மூலைகளிலும் சிறு கோபுரங்கள் நிற்கின்றன. மரண தண்டனை விதிக்கும் உரிமை இந்த நகரத்துக்கு உண்டு என்பதற்கு அவை அடையாளம். இதற்கு அப்பால் இருப்பது ஷ்கேய் பகுதி. கோட்டைக்குள் வீடு வாங்க உரிமையில்லாத ருமேனியர்கள் நூற்றாண்டுகளாக அங்கேதான் வாழ்ந்தார்கள். அவர்களுடைய கதைகளுக்கு இந்த நடையில் ஐந்து நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை. சுவருக்கு உள்ளே இருந்தவர்களின் தொன்மங்கள் இரண்டு மணி நேரம், வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குக் கைகாட்டல் மட்டும் என்பது எனக்குப் பொருந்தவில்லை. கேட்டபோது, பகல் நடை ஒன்று தனியாக இருக்கிறது, கட்டணமும் தனி என்றார்.

போக நினைப்பவர்கள் கூட்டம் குறைந்த வார நாளைத் தேர்ந்தெடுத்து, குழுவில் எத்தனை பேர் என்பதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்வது நல்லது. பன்னிரண்டு பேருக்கு மேல் என்றால் நான் போகமாட்டேன். வேடமிட்ட ஆள் உண்டா என்பதையும் கேளுங்கள், குழந்தைகளும் முதியவர்களும் உடன் வந்தால் கட்டாயம் கேளுங்கள். பாதை முழுவதும் உருளைக்கல் பாவியது. பிடிப்புள்ள காலணி இல்லாமல் முடியாது. தேவாலயத்தின் உள்ளே நடை செல்லாது என்பதால், அங்கிருக்கும் பழைய அனடோலியக் கம்பளங்களையும் நாலாயிரம் குழல்கள் கொண்ட ஆர்கனையும் பார்க்க மறுநாள் பகலில் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

நாங்களும் மறுநாள் காலை போனோம். உள்ளே நுழைவதற்கு முன் வெளிச்சுவரைச் சுற்றி வந்து அந்தச் சிறுவனைத் தேடிக் கண்டுபிடித்தோம். அவன் குனிந்து பார்க்கும் திசையிலேயே அக்கா கழுத்தைச் சாய்த்துச் சுவரை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை பார்த்தாள். "நேராத்தானே இருக்கு" என்றாள்.