கனடா இலக்கங்களைச் சரிபார்க்கும் சேவை: இரண்டு வருடத்துக்கு மேல் பாவித்த பிறகு

கனடா இலக்கம் ஒன்றுக்கு விற்பனை அழைப்பு எடுக்கலாமா என்று சரிபார்க்கிற இந்தச் சேவை மாதக் கட்டணத்தைக் குறைத்ததிலிருந்து, யாழ்ப்பாணத்தில் கோல் சென்ரர் நடத்துகிறவர்களும் தொடங்க நினைக்கிறவர்களும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணை, அதை எடுக்கலாமோ?" எங்கள் அலுவலகம் திருநெல்வேலியில். கூரை திருத்துகிறவர்கள், காப்புறுதி, வீட்டுக்கடன் என்று ரொறன்ரோப் பக்கத்துக் கொம்பனிகளுக்காகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அழைப்பு எடுக்கிறோம். இரண்டு வருடத்துக்கு மேலாக இந்தச் சேவை இல்லாமல் ஒரு இலக்கப் பைலும் டயலருக்குள், அதாவது தானாக அழைப்பு எடுக்கிற மென்பொருளுக்குள், போனதில்லை. பெயரை இங்கே எழுதவில்லை. கேட்டவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

"இஞ்சையிருந்து எடுத்தால் அவங்கள் எங்களை என்ன செய்யிறது" என்று நினைத்து இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கனடாவில் 2008 செப்டெம்பரிலிருந்து, விற்பனை அழைப்பு வேண்டாம் என்கிறவர்கள் தங்கள் இலக்கத்தைப் பதிகிற அழைக்க வேண்டாம் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. அங்குள்ள ஒரு வீட்டுக்கு விற்பனை அழைப்புப் போனால், அது யாழ்ப்பாணத்திலிருந்து போனாலும் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான சிஆர்டிசியின் விதிக்குள் வரும். ஒரு மீறலுக்குக் கொம்பனி என்றால் 15,000 டொலர் வரை தண்டம். எங்களுக்கு வேலை தருகிறவர்களும் பொறுப்புச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் விட எனக்குப் பெரிய விஷயம், அந்தப் பட்டியலில் தங்கள் இலக்கத்தைப் போட்டவர்களில் எங்கள் சனமும் இருக்கிறார்கள் என்பது. வேண்டாம் என்று பதிந்து வைத்த ஒரு வயதானவரின் வீட்டுக்கு, அதுவும் தமிழில் கதைத்துக்கொண்டு போகிற அழைப்பு எங்கள் அலுவலகத்திலிருந்து போகக்கூடாது.

நல்லதை முதலில் சொல்கிறேன். பட்டியலோடு ஒப்பிட்ட பைல் 31 நாளுக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது என்பது விதி. இந்தச் சேவை அந்த நாளைத் தானே எண்ணி, தவணை தாண்டியதும் பைலைப் பூட்டிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு ரொறன்ரோவிலிருந்து ஒரு வாடிக்கையாளர், "இண்டைக்கு மட்டும் பழைய லிஸ்ற்றிலயே அடியுங்கோ, திங்கள் புதுசு தாறன்" என்று நெருக்கினார். நான் வாதாடவே தேவைப்படவில்லை. பூட்டு விழுந்த திரையைப் படம் எடுத்து அனுப்பினேன், கதை முடிந்தது. வேலை தருகிறவரோடு முகத்தை முறிக்காமல் மாட்டேன் என்று சொல்ல வைக்கிற ஒரு கருவிக்கு நான் எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

நேரக் கட்டுப்பாடும் அப்படித்தான். கிழமை நாட்களில் அங்கே காலை 9 மணியிலிருந்து இரவு 9.30 வரை, சனி ஞாயிறில் 10 மணியிலிருந்து பின்னேரம் 6 வரைதான் அழைக்கலாம். கோடையில் ரொறன்ரோவின் ஒன்பது மணி எங்களுக்குப் பின்னேரம் ஆறரை. நவம்பரில் அவர்கள் மணிக்கூட்டை மாற்றியதும் அது ஏழரை. அந்த மாற்றத்தை இந்தச் சேவை ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஒரு குறை, இலக்கத்தின் முதல் மூன்று எண்ணைப் பார்த்துத்தான் அது ஊரைத் தீர்மானிக்கிறது. 647 என்று தொடங்கும் ரொறன்ரோக் கைத்தொலைபேசி இலக்கத்தோடு வன்கூவருக்குக் குடிபோனவருக்கு, ரொறன்ரோவில் ஒன்பது அடிக்கும்போது காலை ஆறு மணி. முகவரி இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்கலாம், பார்ப்பதில்லை. இதை நான் பெரிதாக எடுக்கவில்லை, முகவரி தெரிந்தவர்களை நாங்களே பிரித்துவிடுகிறோம்.

என்னால் இன்றுவரை பொறுக்க முடியாமல் இருப்பது வேறொன்று. பைலை ஏற்றியதும் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் சிவப்பு அல்லது பச்சை வரும். சிவப்பு என்றால் பட்டியலில் இருக்கிறது, எடுக்காதே. பச்சை என்றால் எடுக்கலாம். அந்தப் பச்சைக்குள் இரண்டு விதமான இலக்கங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பட்டியலில் தேடிப் பார்த்து இல்லை என்று தெரிந்தது. மற்றது, எழுதியிருக்கிற விதம் பிழையானதால் தேடவே முடியாமல் போனது. இரண்டுக்கும் ஒரே நிறம்.

இது தெரிய வந்தது ஸ்காபுரோவில் ஓர் அம்மாவால். எங்கள் பிள்ளை வணக்கம் சொல்லிப் பெயரும் கொம்பனியும் சொன்ன கையோடு அவ கேட்டா: "பிள்ளை, என்ரை நம்பர் லிஸ்ற்றில கிடக்கு. எப்பிடி நீங்கள் எடுக்கிறியள்?" பிள்ளை மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். பைலைத் திறந்தால் இலக்கம் ஒழுங்காக, பத்து எண்ணும் சரியாக இருக்கிறது. பக்கத்தில் பச்சை. சேவையில் ஒரு தொலைபேசி இலக்கத்தை மட்டும் தேடுகிற இடத்தில் அதைக் கையால் அடித்தேன். சிவப்பு.

எக்ஸெலில் அந்தக் கட்டத்தின் நீளத்தை அளக்கிற சூத்திரம் போட்டோம். பத்து வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வந்தது. வாடிக்கையாளரின் ஆள் வட்ஸ்அப்பிலிருந்து அந்த இலக்கத்தைப் பிரதி எடுத்து ஒட்டியிருக்கிறார். அப்படி ஒட்டும்போது முன்னுக்கும் பின்னுக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒவ்வொன்று சேர்ந்து வந்திருக்கிறது, எழுத்து எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று கணினிக்குச் சொல்கிற குறிகள். எக்ஸெலில் கட்டத்தைச் சுத்தம் செய்கிற ட்ரிம், கிளீன் சூத்திரங்கள் இரண்டும் அவற்றைத் தொடாது. எங்கள் கண்ணுக்கு அது இலக்கம். சேவைக்கு அது பட்டியலில் எதோடும் ஒத்துப்போகாத ஏதோ ஒன்று. ஒத்துப்போகவில்லை என்றதும் பச்சை போட்டுவிட்டது. இரத்தம் பழுதாகிப் போனதால் சோதிக்க முடியாத மாதிரியை, நோய் இல்லை என்று எழுதி நோயாளியின் கையில் கொடுக்கிற ஆய்வுகூடம் போன்றது இது.

எழுதிக் கேட்டோம். "ஏற்றுமுன் உங்கள் பைலைச் சுத்தம் செய்யுங்கள்" என்று பதில் வந்தது. நியாயமாகப் பார்த்தால் அவர்கள் பக்கத்திலும் கதை இருக்கிறது. உலகத்தில் உள்ள எல்லாக் குப்பையையும் ஒரு மென்பொருள் ஊகித்துத் திருத்த முடியாது, எங்கள் வாடிக்கையாளர்கள் அனுப்புகிற பைல்களும் லேசுப்பட்டவை இல்லை. அடைப்புக்குறி, முன்னுக்கு 001, ஒரே கட்டத்தில் கணவனின் இலக்கமும் மனைவியின் இலக்கமும் என்று எல்லாம் வரும். ஆனால் திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. வாசிக்க முடியவில்லை என்று சொல்லச் சொல்லித்தான் கேட்டேன். அமெரிக்காவில் அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையமான எப்சிசி 2021 நவம்பரில் தொடங்கிய, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறிய இலக்கங்களின் தரவுத்தளம் கேள்விக்கு மூன்று பதில் தருகிறது: ஆம், இல்லை, தரவு இல்லை. அரசாங்கத்தின் ஒரு தரவுத்தளமே அந்த மூன்றாவது பதிலைச் சொல்லும்போது, மாதாமாதம் காசு வாங்குகிற ஒரு கொம்பனிக்கு ஒரு மஞ்சள் நிறம் போட என்ன கஷ்டம்? இதை நினைக்கும்போது இப்பவும் கோபம் வருகிறது. தண்டம் வந்தால் கட்டப்போவது நாங்களும் எங்கள் வாடிக்கையாளரும். "எப்பிடி எடுக்கிறியள்" என்ற கேள்விக்கு முகம் கொடுத்தது சம்பளத்துக்கு வந்திருக்கிற ஒரு கம்பஸ் பிள்ளை.

இப்போது எங்கள் வழக்கம் இது. வருகிற பைல் எதுவும் நேராகச் சேவைக்குப் போகாது. எண்களை மட்டும் உருவி எடுத்து, முன்னுக்கு இருக்கிற 1 அல்லது 001ஐ நீக்கி, சரியாகப் பத்து எண் இல்லாததைப் புறம்பாக வைக்கிற சின்ன நிரல் ஒன்றை எங்கள் பொடியன் எழுதித் தந்தான். கனடாவிலும் அமெரிக்காவிலும் முதல் மூன்றும் சரி, அடுத்த மூன்றும் சரி, 0 இலோ 1 இலோ தொடங்காது, அதையும் பார்க்கிறது. புறம்பாக வைத்ததை ஒரு ஆள் கண்ணால் பார்த்துத் திருத்துவார், இல்லாவிட்டால் அழித்துவிடுவார்.

அதற்குப் பிறகும் ஒரு காவல் வைத்திருக்கிறோம். என் பெரியம்மா மிசிசாகாவில் இருக்கிறா. அவவின் இலக்கம் அழைக்க வேண்டாம் பட்டியலில் இருக்கிறதென்று பட்டியலின் இணையத்தளத்திலேயே பார்த்து உறுதிப்படுத்தினா. அவவிடம் கேட்டு, அந்த இலக்கத்தை ஒவ்வொரு பைலின் நடுவிலும் சேர்த்து ஏற்றுகிறோம். அது சிவப்பாக வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பைல் முழுவதையும் நிறுத்திவிடுவோம். ஒருமுறை, பட்டியலைப் பார்க்க வாடிக்கையாளர் எடுத்த சந்தாவில், பெரியம்மாவின் இலக்கம் வருகிற 905 பகுதி விடுபட்டிருந்ததை இந்த ஒரு இலக்கம்தான் காட்டிக் கொடுத்தது. அந்தப் பகுதி இலக்கங்கள் எதையுமே ஒப்பிடாமல் எல்லாவற்றுக்கும் சேவை பச்சை போட்டிருந்தது. பெரியம்மாவுக்குச் சொன்னபோது, "அப்ப நான் உங்கடை கந்தோரில வேலை செய்யிறன்" என்று சந்தோஷப்பட்டா.

இனி எடுக்கலாமா என்ற கேள்வி. நாங்கள் இன்னொரு வருடத்துக்குக் காசு கட்டிவிட்டோம். 31 நாள் பூட்டு, நேரப் பூட்டு, எந்தப் பைலை எப்போது ஒப்பிட்டோம் என்று திகதியோடு தருகிற அறிக்கை மூன்றையும் இந்த விலைக்கு வேறு இடத்தில் நான் காணவில்லை. முறைப்பாடு ஒன்று வந்தால் அந்த அறிக்கைதான் எங்கள் கையில் இருக்கிற ஆதாரம். இருந்தும், புதிதாகத் தொடங்குகிற ஒருவருக்கு இதை எடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, விலை இன்னும் பாதியாகக் குறைந்தாலும். பைலைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் அலுவலகத்தில் இல்லாவிட்டால் அந்தப் பச்சை உங்களைக் குழிக்குள் தள்ளும்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால், காசு கட்டுமுன் இலவசச் சோதனைக் கணக்கில் ஐந்தாறு பிழையான இலக்கங்களை ஏற்றிப் பாருங்கள். ஒன்பது எண், பதினொரு எண், நடுவில் ஓர் எழுத்து, வட்ஸ்அப்பிலிருந்து ஒட்டியது என்று. எல்லாம் பச்சையாக வந்தால் அந்தப் படத்தை இணைத்து அவர்களுக்கே மின்னஞ்சல் போடுங்கள். நாங்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதால் மஞ்சள் நிறம் வரவில்லை. இன்னும் பத்துப் பேர் கேட்டால் வரும் என்றுதான் நினைக்கிறேன்.