மேட்ச்டா, ட்ரெடிஷனலா? ட்ரம் ஸ்டிக்கைப் பிடிக்கும் விதங்கள்

ட்ரம்ஸ் வகுப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ஸ்டிக் வாங்கலாம் என்றுதான். அதற்குப் பதில் சுலபம். ஹிக்கரி மரத்தில் செய்த 5ஏ அளவு ஸ்டிக் ஒரு ஜோடி வாங்குங்கள், சுமார் 16 அங்குலம் இருக்கும். கொஞ்ச நாள் வாசித்த பிறகு இன்னும் மெல்லிய 7ஏ வேண்டுமா, கனமான 5பி வேண்டுமா என்று கையே சொல்லிவிடும். ஆனால் அதை எப்படிப் பிடிப்பது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஜாஸ் பக்கம் சாய்ந்தவர், இடது கையை மட்டும் மலர்த்திப் பிடிக்கும் ட்ரெடிஷனல் கிரிப் தெரியாவிட்டால் நீ ட்ரம்மரே இல்லை என்பார். ராக் வாசிப்பவர், இரண்டு கையும் ஒரே மாதிரி பிடிக்கும் மேட்ச்டு போதும், மற்றதெல்லாம் வெறும் பந்தா என்பார்.

இந்தச் சண்டையில் இரண்டு பேருமே கால்களுக்கு நடுவே நிற்கும் முக்கிய ட்ரம்மான ஸ்னேரைப் பார்ப்பதில்லை. ஸ்னேர் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எந்தப் பிடி வசதி என்பது முடிவாகிறது. என்ன மாதிரிப் பாட்டு வாசிக்கிறோம் என்பது அடுத்தது. நமக்குப் பிடித்த ட்ரம்மர் எப்படிப் பிடிக்கிறார் என்பதைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

ஒப்பிடுவதற்கு முன்னால் எல்லாப் பிடிக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக் ஊசலாடும் புள்ளியை ஃபல்க்ரம் என்பார்கள். அது பின்முனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும். 16 அங்குல ஸ்டிக்கில் ஐந்து, ஐந்தரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஸ்கேல் தேவையில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தளர்வாகப் பிடித்து, ஸ்னேர் மேல் ஒரே ஒரு முறை விழவிடுங்கள். தட், தட், தடதடவென்று தானே துள்ளி அடங்கும். பிடிக்கும் இடத்தை அரை அங்குலம் முன்னே, அரை அங்குலம் பின்னே நகர்த்தித் திரும்பச் செய்து பாருங்கள். எங்கே அதிக நேரம் துள்ளுகிறதோ அதுதான் இடம். பின்முனையை ஒட்டிப் பிடித்தால் முன்பக்கம் கனத்துத் தொப்பென்று விழும், மிகவும் முன்னால் பிடித்தால் துள்ளலே செத்துவிடும். சிலருக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த பிடி பிடிக்காது, கட்டைவிரலும் நடுவிரலும்தான் சரிப்படும். சாதாரணக் கிட் (ட்ரம்களும் சிம்பல்களும் சேர்ந்த செட்) வாசிப்பில் இரண்டுமே சரிதான். நடுவிரல் பிடியில் துள்ளல் பரவலாகக் கிடைக்கும், ஆள்காட்டி விரல் பிடியில் ஸ்டிக் சொன்னபடி கேட்கும்.

சரி, போட்டிக்கு வருவோம்.

ட்ரெடிஷனல் பிடி ராணுவத்திலிருந்து வந்தது. தோளில் மாட்டிய வாரில் ட்ரம்மைத் தொங்கவிட்டு அணிவகுத்து நடந்தார்கள். தொங்கும் ட்ரம் நேராக நிற்காது, ஒரு பக்கம் சாய்ந்து இடது தொடையருகே கிடக்கும். இடப்பக்க விளிம்பு மேலே ஏறியிருக்கும்போது இடது உள்ளங்கையைக் கவிழ்த்து அடிக்க வேண்டுமானால் முழங்கையைத் தோள் வரை தூக்க வேண்டும். அதனால் இடது கையை மட்டும் மலர்த்திப் பிடித்தார்கள். நம் பறையிலும் இதே கதைதான். தோளில் தொங்கி உடம்போடு ஒட்டி நிற்கும் பறைக்கு இரண்டு கையும் ஒரே மாதிரி வருவதற்கு வழியே இல்லை. ஒரு கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி, மறு கையில் குட்டையான அடிக்குச்சி, இரண்டுக்கும் வேறு வேறு பிடி. கருவி எங்கே தொங்குகிறது என்பதைப் பொறுத்துக் கை திரும்பிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ட்ரெடிஷனலில் வலது கையில் புதுமை ஒன்றும் இல்லை. இடது கைதான் விஷயம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவட்டில் ஸ்டிக் உட்காரும். மோதிர விரலின் நகக்கண்ணை ஒட்டிய பகுதி அதைக் கீழிருந்து தாங்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேலே லேசாகப் படிந்திருக்கும். அடி மணிக்கட்டை மேலும் கீழும் ஆட்டுவதால் வருவதில்லை, குழாயைத் திருகுவது போல முன்கை முழுக்கச் சுழல்வதால் வருகிறது. முதல் சில வாரங்கள் மோதிர விரலில் தோல் கன்றிப்போகும், பிறகு காய்த்துவிடும்.

மேட்ச்டு பிடியில் இரண்டு கையும் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றே. டிம்பனி, சைலஃபோன் வாசிப்பவர்கள் வெகு காலமாக இப்படித்தான் பிடித்து வந்தார்கள். ட்ரம் கிட்டில் இதைப் பரவலாக்கியவர் என்று பீட்டில்ஸ் குழுவின் ட்ரம்மர் ரிங்கோ ஸ்டாரைச் சொல்வார்கள். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்ததை அமெரிக்காவில் 7 கோடிக்கும் மேற்பட்டவர்கள் டிவியில் பார்த்தார்கள். அவர்களில் எத்தனையோ பையன்கள் அடுத்து ட்ரம்ஸ் முன்னால் உட்கார்ந்தபோது ரிங்கோ பிடித்த மாதிரியே பிடித்தார்கள். அதுவரை கிட் என்றாலே ஜாஸ் ட்ரம்மர்கள் ஜீன் க்ருப்பா, பட்டி ரிச் வழியில் ட்ரெடிஷனல்தான்.

மேட்ச்டுக்குள்ளேயே மூன்று வகை உண்டு. உள்ளங்கை தரையைப் பார்த்தால் ஜெர்மன். கட்டைவிரல் வானத்தைப் பார்த்தால் பிரெஞ்ச். இரண்டுக்கும் நடுவே கை சாய்ந்திருந்தால் அமெரிக்கன். ஜெர்மனில் மணிக்கட்டு வேலை செய்யும், இரண்டு ஸ்டிக்கும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்கும், முழங்கை கொஞ்சம் வெளியே போகும். பிரெஞ்சில் மணிக்கட்டு பெரும்பாலும் சும்மா இருக்கும். விரல்கள் ஸ்டிக்கின் பின்பகுதியை உள்ளங்கைக்குள் தட்டித் தட்டி விளையாடும், இரண்டு ஸ்டிக்கும் கிட்டத்தட்ட இணையாகப் போகும். அமெரிக்கனுக்குத் தனி விளக்கம் தேவையில்லை. கைகளைத் தொங்கவிட்டு, தோளைத் தூக்காமல் அப்படியே மடக்கி ஸ்னேர் மேல் வைத்தால் வருவது அதுதான்.

பெயர்களை விட்டுவிட்டு வேலையை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகப் புரியும்.

இரண்டாவது, நான்காவது தட்டில் ஸ்னேரை ஓங்கி அடிக்கிறோம், பாட்டு முழுக்க. இதில் ஜெர்மனுக்கும் அமெரிக்கனுக்கும்தான் என் ஓட்டு. கையின் எடை நேரே கீழே இறங்குகிறது, ஸ்டிக் தோலிலும் விளிம்பிலும் ஒன்றாக விழும் ரிம்ஷாட் தவறாமல் கிடைக்கிறது. ட்ரெடிஷனலில் முடியாது என்று சொல்ல மாட்டேன். போலீஸ் இசைக்குழுவின் ஸ்டூவர்ட் கோப்லண்ட் அந்தப் பிடியில் அடித்த ரிம்ஷாட்டைக் கேட்டால் அப்படிச் சொல்ல வாய் வராது. ரோலிங் ஸ்டோன்ஸில் சார்லி வாட்ஸ் கடைசி வரை ட்ரெடிஷனலை விடவில்லை. ஆனால் அவர்கள் ஆயுசு பூராவும் அந்தக் கையைப் பழக்கியவர்கள். புதிதாகத் தொடங்குபவர் அதே சத்தத்துக்குப் படும் பாடு அதிகம்.

தாளத்தைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே போகும் பெரிய சிம்பலான ரைடில் வேகமான ஜாஸ் தட்டு வாசிக்க பிரெஞ்சுதான் வசதி. 200 பிபிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 200 தட்டில், மெட்ரோனோமை ஓடவிட்டு, ஜெர்மன் பிடியில் ரைடைத் தட்டிப் பாருங்கள். சீக்கிரமே முன்கை இறுகிக் கல்லாகிவிடும். அதே கையைத் திருப்பிக் கட்டைவிரலை மேலே கொண்டுவந்து விரல்களிடம் வேலையைக் கொடுத்தால் மூச்சு வரும். சத்தம் குறையும்தான், ஆனால் ரைடில் அது ஒரு குறையே இல்லை. சின்ன சர்ச்சில் அக்ரிலிக் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, சத்தத்தைக் குறை, குறை என்று சைகை காட்டும் சவுண்ட் தம்பியைச் சமாளிக்க வேண்டியவர்களுக்கும் இந்த விரல் வேலை கைகொடுக்கும்.

மெல்லிசைக் கச்சேரிகளில் மெலடிப் பாட்டு வந்தால் ஸ்டிக்கை ஸ்னேர் மேல் குறுக்கே படுக்கவைத்து விளிம்பில் 'டொக்' என்று தட்டும் கிராஸ் ஸ்டிக்கை விட்டு வாழ முடியாது. மேட்ச்டில் கை ஏற்கெனவே கவிழ்ந்திருப்பதால் அப்படியே சாய்த்து வைத்தால் ஆயிற்று. ட்ரெடிஷனலில் இடது கையைப் புரட்டிப் போட வேண்டும், சரணம் முடிந்து இடைவெளியை நிரப்பும் ஃபில் வரும்போது திரும்பப் புரட்ட வேண்டும். பழகினால் கண்ணிமைக்கும் நேரம்தான், பழகாதவருக்கு அங்கேதான் தாளம் இடறும். கிட்டின் மற்ற ட்ரம்களான டாம்களைச் சுற்றி வருவதும் அப்படித்தான். இடப்பக்கம் உயரமாக நிற்கும் க்ராஷ் சிம்பலுக்கு மலர்ந்த கை எட்டுவது சிரமம்.

ட்ரெடிஷனல் ஜெயிக்கும் இடம் பிரஷ், அதாவது ஸ்டிக்குக்குப் பதில் மெல்லிய கம்பிகள் விசிறியாக விரிந்த குச்சி. ஸ்னேர் தோலில் இடது கை வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்க, வலது கை தட்டும் பாணியில் மலர்ந்த கை கிடைமட்டமாக வழுக்கிச் செல்வது அவ்வளவு இயல்பாக இருக்கும். ஸ்டிக்கைத் தோலில் அழுத்தி இழைய விடும் மெல்லிய ப்ரெஸ் ரோலுக்கும், அடிகளுக்கு நடுவே கேட்டும் கேட்காமலும் வரும் கோஸ்ட் நோட்டுக்கும் அது நல்ல பிடி. அந்தக் கையில் பலம் குறைவு என்பதே அங்கே லாபமாகிவிடுகிறது.

ஒரு பிடியைத் தொட்டால் சாகும் வரை அதுதான் என்றும் இல்லை. ட்ரெடிஷனலில் புகழ் பெற்ற ஜாஸ் ட்ரம்மர் டோனி வில்லியம்ஸ் பின்னாளில் மேட்ச்டுக்கு மாறினார். ரஷ் குழுவின் நீல் பியர்ட் நேர் எதிர். மேட்ச்டில் உச்சம் தொட்ட பிறகு, 1990-களின் நடுவில் ட்ரம்ஸ் ஆசிரியர் ஃப்ரெடி க்ரூபரிடம் போய்ப் பாடம் கேட்டு ட்ரெடிஷனலை எடுத்தார், பிற்பாடு கனமான அடிகளுக்கு மேட்ச்டுக்கே திரும்பினார்.

அதனால் என் சிபாரிசு இது. முதல் ஒரு வருஷம் அமெரிக்கனில் இருங்கள். கிட்டின் ஸ்னேர் கிடைமட்டமாகத்தானே நிற்கிறது, அதற்கு மலர்ந்த கை தேவையில்லை. காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பலான ஹை-ஹாட்டுக்கோ ரைடுக்கோ போகும்போது வலது கை தானாகப் பிரெஞ்சு பக்கம் சாயும், சாயட்டும். ஜாஸ், பிரஷ் என்று ஆசை வந்தால் அப்போது ட்ரெடிஷனலைத் தொடலாம். தொடும் நாளில் ஸ்னேரின் இடப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வலப்பக்கமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். சாய்க்காமல் முயன்றுவிட்டு, இந்தப் பிடி எனக்கு ஒத்துவரவில்லை என்று கைவிட்டவர்கள் நிறைய. அணிவகுப்பு ட்ரம் குழுக்களில் பலர் சமமாக மாட்டிய ட்ரம்மிலும் ட்ரெடிஷனலில் வாசிக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அது மரபு, பார்க்க அழகு, அதோடு தினசரி மணிக்கணக்கான பயிற்சி. வசதிக்காக அல்ல.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. தோல் கன்றுவது, சின்னக் கொப்புளம் வருவது புதிதில் சகஜம். கட்டைவிரலின் அடிப்பகுதி வலித்தால் ஸ்டிக்கை நசுக்குகிறீர்கள் என்று அர்த்தம். முன்கை எரிந்தால் துள்ளலைப் பயன்படுத்தாமல் ஒவ்வொரு அடியையும் நீங்களே தூக்குகிறீர்கள். தோள் வலித்தால் பிடியை மாற்றுவதற்கு முன் ஸ்டூலைப் பாருங்கள். தொடை முட்டியை நோக்கி லேசாகச் சரியும் உயரத்தில் உட்கார்ந்து, ஸ்னேர் விளிம்பு தொடைக்கு ஓரிரு அங்குலம் மேலே இருக்கும்படி வைத்தால் பாதி வலி போய்விடும். விரல் மரத்துப்போகிறது, வாசிக்காத நேரத்திலும் சுருக்கென்று குத்துகிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான், எந்தப் பிடியும் அதற்கு மருந்தில்லை. நம் ஊர் வியர்வைக்கு வழவழவென்று வார்னிஷ் பூசிய ஸ்டிக் வழுக்கும். வழுக்கினால் கை தன்னையறியாமல் இறுக்கும். பிடிக்கும் இடத்தில் மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடலாம்.

இடதுகைக்காரர்களுக்கு இரண்டு வழி உண்டு. கிட் முழுவதையும் திருப்பிப் போடுவது ஒன்று. ரிங்கோ இடதுகைக்காரர், ஆனாலும் வலதுகைக் கிட்டிலேயே வாசித்தார், அதனால் அவர் ஃபில்கள் வேறு மாதிரி உருள்கின்றன என்பார்கள். இன்னொரு வழி, ஜாஸ்-ஃப்யூஷன் ட்ரம்மர் பில்லி காபம் வாசிப்பது போல, கைகளைக் குறுக்கே போடாமல் இடது கையாலேயே ஹை-ஹாட்டை வாசிப்பது. இதற்கு மேட்ச்டு ஒன்றுதான் தோது. கல்யாண மேடையிலும் காலேஜ் கல்ச்சுரலிலும் அடுத்தவர் கிட்டில் உட்கார வேண்டியிருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ரைடை மட்டும் இடப்பக்கம் நகர்த்திக்கொண்டால் போதும், மற்றதை யாரும் தொட வேண்டியதில்லை.